காங்கேசன்துறைக்குப் போகவரக் கப்பல்

பால் பாக்கெட் வாங்கிக்கொண்டு திரும்பும் வழியில், ஆழ்வார்பேட்டை சிக்னல் பக்கத்தில், எங்கள் ஊரின் பெயரைப் பார்த்தேன். பெரிய விளம்பரப் பலகை. அதில் ஒரு நீச்சல் குளம், கறுப்புக் கண்ணாடி போட்ட ஒரு பெண், கையில் ஏதோ ஜூஸ். கீழே, 'சென்னையிலிருந்து காங்கேசன்துறை! உங்கள் பட்ஜெட்டில் குரூஸ்!' நான் இந்த நகரத்துக்கு வந்து ஒரு தலைமுறை ஆகிறது. இன்றைக்கும் நான் வாய் திறந்தால் அபிராமபுரத்துக் காய்கறிக்காரர் "கேரளாவா மேடம்?" என்கிறார். அப்படிப்பட்ட ஊரில் என் ஊர்ப் பெயரை இவ்வளவு பெரிய எழுத்தில் எழுதியிருக்கிறார்கள், அதுவும் கொண்டாட்டத்துக்கு. எனக்குக் கோபம் கோபமாக வந்தது.

சண்டைக்குத் தப்பி நாங்கள் அந்தக் கடலைக் கடந்தது மீன்பிடி வள்ளத்தில். அப்பா, அம்மா, நான், தங்கை வாசுகி. சான்றிதழ்களைப் பொலித்தீன் பையில் போட்டு, வாயை மெழுகுதிரியால் உருக்கி ஒட்டி, அம்மா தன் வயிற்றோடு கட்டியிருந்தார். வாசுகி அழக்கூடாது என்று அவள் வாயை நான் பொத்திக்கொண்டே வந்தேன். அண்ணன் மட்டும் வீட்டைப் பார்த்துக்கொள்ள நின்றுவிட்டார். "நிலைமை சரியானதும் நீங்கள் வந்திடுவீங்கள்தானே" என்று சொல்லித்தான் வள்ளத்தைத் தள்ளிவிட்டார். சென்னைக்காரர்களுக்குக் கப்பல் என்றால் ஞாயிற்றுக்கிழமை கடற்கரையில் சுண்டல் தின்றபடி பிள்ளைக்குக் காட்டுகிற பொருள். எங்களுக்குக் கடலில் இறங்குவதென்றால் ஒரு இடத்தை விட்டுப் போவது. இந்த வித்தியாசத்தை இங்கே யாருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை.

இந்த வருடம் அண்ணன் பக்கவாதத்தில் விழுந்தார். வலது பக்கம் முழுக்கப் போய்விட்டது, பேச்சும் குழறுகிறது. அவரை இங்கே கொண்டுவர வழியில்லை. வாசுகி இப்போது கனடாக்காரி, கல்யாணம் செய்து போனவள். தன் மகளின் கல்யாணத்துக்குக் கூறைச்சேலை எடுக்கத் தி.நகருக்கு வருகிறாள். தொலைபேசியில், "அக்கா, மலிவா ஒரு கப்பல் பார். ரெண்டு பேரும் போய் அண்ணையைப் பார்த்திட்டு, அதே கப்பல்ல வந்திடுவம்" என்றாள்.

அதே கப்பலில் வந்துவிடுவோம். இந்தச் சொல்தான் என்னைக் கெடுத்தது. எனக்குப் பாஸ்போர்ட் கிடையாது. விமானத்தில் போக முடியாது என்பது எனக்கு எப்போதோ தெரியும். ஆனால் இது குரூஸ், சுற்றுலா பஸ் மாதிரி, காலையில் இறக்கி மாலையில் ஏற்றிக்கொள்வார்கள், இதை யார் நாடு விட்டுப் போவதாகக் கணக்கில் எடுக்கப்போகிறார்கள் என்று நானே நம்பிக்கொண்டேன். ஆசை வெட்கம் அறியாது என்பார்கள், அது சட்டமும் அறியாது. மலிவான கப்பலைத் தேடித் தேடி நான் ஒரு ஏஜென்ட் அளவுக்குத் தேறிவிட்டேன். ஜன்னல் இல்லாத அறை எடுக்க வேண்டும். சனி ஞாயிறு கூடாது. பள்ளி விடுமுறை தொடங்கும் முன்னே போய்விட வேண்டும். வெளிநாட்டிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இது உதவக்கூடும். எனக்கு உதவவில்லை.

பாண்டி பஜார் பக்கத்து டிராவல்ஸில் இருந்தவர் நல்ல மனிதர், திருநெல்வேலிப் பக்கம். நான் அகதியாகப் பதிந்தவள் என்றதும் முகம் மலர்ந்தது. "சொந்த ஊருக்கே டூரா? சூப்பர் மேடம்! எங்களுக்கெல்லாம் இந்தக் குடுப்பினை இல்ல." பிறகு பாஸ்போர்ட் கேட்டார். இல்லை என்றதும், அகதிகளைப் பதிகிற அரசாங்க அலுவலகத்தில் அனுமதி வாங்கி வரச் சொன்னார்.

அலுவலகத்தில் இருந்தவரும் நாற்காலி காட்டி உட்கார வைத்துத்தான் சொன்னார்: "போறதுன்னா தாராளமாப் போங்கம்மா. எக்சிட் பர்மிட் வாங்கிக்கலாம். ஆனா போனா போனதுதான். திரும்ப இங்க வர்றதுக்கு அதுல வழி கெடையாது."

"என் மகள் மயிலாப்பூரில் கல்லூரியில் படிக்கிறாள், சார். வீடு இங்கேதான் இருக்கிறது."

"அதான் சொல்றேன். போகாதீங்க."

என் மகள் இங்கே பிறந்தவள், கபாலீசுவரர் தேரை வடம்பிடித்து இழுப்பவள். அவளும் காகிதத்தில் அகதிதான். எரிச்சலில் நேரே டிராவல்ஸுக்குத் திரும்பிப் போய், வீம்புக்கு, "ஒருவழி டிக்கெட் கொடுங்கள்" என்றேன். அவர் சிரித்தார்.

"ஒன்வே எல்லாம் குரூஸ்ல கெடையாது மேடம். இது போறதுக்கு இல்ல, சும்மா ஜாலியா இருக்கறதுக்கு. எங்க ஏறுனீங்களோ அங்கயே எறக்கிருவாங்க."

கப்பல் என்னைத் திருப்பிக் கொண்டுவராமல் ஏற்றாது. திரும்பி வருவேன் என்றால் அரசாங்கம் போக விடாது. யாரைத் திட்டுவது? ஆளாளுக்கு மரியாதையாகப் பேசிக் கழுத்தை அறுக்கிறார்கள். ஒரு ஆள் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன். நடுத்தெருவில் நின்று, சேலைக்கடைப் பைகளோடு போகிற கூட்டத்தைப் பார்த்து அழுதேன். ஒரே வள்ளத்தில் வந்த இரண்டு பிள்ளைகளில் ஒருத்திக்கு அந்தக் கடல் விடுமுறை, மற்றவளுக்குச் சுவர். இதற்கு எந்த நியாயமும் எனக்குத் தெரியவில்லை.

வாசுகி தனியாகத்தான் போனாள். நான் பார்த்துக் கொடுத்த, ஜன்னல் இல்லாத மலிவு அறையில்.

அவள் திரும்பிய அன்று ஆட்டோவில் துறைமுக வாசலுக்குப் போனேன். தொப்பியும் செல்ஃபியுமாகக் கூட்டம் வெளியே வந்தது. வாசுகி கடைசியில் வந்தாள். பெட்டியை ஆட்டோவில் ஏற்றிவிட்டு என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அண்ணை எப்படி இருக்கிறார்?" என்றேன்.

"ஆள் நல்லா மெலிஞ்சு போனார். என்னைக் கண்டு அழுவார் எண்டு நினைச்சன். அழேல்ல அக்கா. எனக்குப் பின்னால எட்டி எட்டிப் பார்த்தவர். நீ வாசல்ல செருப்புக் கழட்டுறாய் எண்டு நினைச்சிட்டார் போல."



ஆட்டோக்காரர் கண்ணாடியில் எங்களைப் பார்த்தார். "இன்னாக்கா, வேற யாராச்சும் வரணுமா? கெளம்பிடலாமா?"

நான் தலையை வெளியே நீட்டி, காலியாகிவிட்ட அந்த வாசலைத் திரும்பிப் பார்த்தேன்.