அடக்கம் யாருக்கு ஜாஸ்தி?

போன வியாழக்கிழமை. காலைக் காபி இன்னும் பாதி டம்ளரில் இருக்கிறது. கொரட்டூரில் நான் குடியிருக்கும் வீட்டு வாசலில் ஒரு ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது.

இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். தலையில் முண்டாசு, காலில் கனத்த தோல் செருப்பு. பெயர் முனுசாமி என்றார். நூம்பலில் விவசாயம். மடியை அவிழ்த்து, எட்டாக மடித்த ஒரு காகிதத்தை எடுத்தார். பிரித்தால்... இரண்டு மாதத்துக்கு முன்னால் இதே பக்கத்தில் நான் எழுதிய பத்தி!

உங்களுக்கு ஞாபகம் இருக்கிறதோ என்னவோ. சூபி ஞானிகளின் பாட்டுகளைப் பற்றி அளந்திருந்தேன். ஆண்டவனிடம் காதலியிடம் பேசுவதுபோலப் பேசுகிறவர்கள், தங்களைத் தூசு, துரும்பு என்று சொல்லிக்கொள்கிறவர்கள், 'நான்' என்பது போனால்தான் அந்த வாசல் திறக்கும் என்கிறவர்கள் — இப்படிப் பத்திரிகையில் ஒன்றரைக் காலம் நீளத்துக்கு.

எழுதுகிறவனுக்கு இதைவிட வேறு என்ன வேண்டும்? ஒரு மனுஷர் என் எழுத்தை மடியில் கட்டிக்கொண்டு இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வந்திருக்கிறார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துக் காபி கொடுக்கச் சொன்னேன்.

ஆனால் அவர் என்னைப் பாராட்ட வரவில்லை. ஒரு சர்டிபிகேட் வாங்கிப் போக வந்திருந்தார்.

"'நான்' போனவனுக்குத்தான் அந்த வாசல்னு எழுதிகீறீங்க. எனக்குப் போயிடுச்சி சார். எங்க தங்கவேலுவுக்கு இன்னும் போவல. நீங்க ஒரு நடை வந்து அத்த நாலு பேர் எதிர்ல சொல்லிட்டா போதும்."

எனக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. நிதானமாகச் சொல்லச் சொன்னேன்.

நூம்பலுக்கும் பாரிவாக்கத்துக்கும் நடுவே, பூந்தமல்லி ரோட்டை விட்டு உள்ளே தள்ளி ஒரு சின்ன தர்கா. வியாழக்கிழமை தோறும் சாயங்காலம் அங்கே பாட்டு நடக்கும். பாடுகிறவர் காசிம் பாய். பூந்தமல்லியில் தையற்கடை வைத்திருக்கிறார், தர்காவைப் பார்த்துக்கொள்வதும் அவர்தான். கேட்க வருகிறவர்களில் சாயபுமார் பாதி, சுற்றுவட்டாரத்துக் குடியானவர்கள் பாதி.

வருகிறவர்கள் வாசலில் செருப்பைக் கழற்றுவார்கள். அங்கே ஒருத்தர் தரையில் உட்கார்ந்திருப்பார். கழற்றிய செருப்பைத் துண்டால் துடைத்து, வரிசையாக வைத்து, முன்பக்கம் தெருவைப் பார்க்கிறமாதிரி திருப்பி வைப்பது அவர் வேலை. பாட்டு முடிந்து வெளியே வருகிறவர் குனியாமல் காலை நுழைத்துக்கொண்டு போகலாம். இன்னார் செருப்பு என்று பார்க்கக்கூடாது. ஊர்த் தெருவில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டியவன்கூட இந்த வாசல்வரை காலில் போட்டுக்கொண்டு வரலாம். அவன் செருப்புக்கும் மிராசுதார் செருப்புக்கும் ஒரே துண்டுதான்.

இந்த வேலையை முனுசாமியின் தாத்தா ஏதோ வேண்டுதலுக்காக ஏற்றுக்கொண்டாராம். பிறகு அப்பா. பிறகு, நாற்பது வருஷமாக முனுசாமி.

தங்கவேலு இவருடைய சித்தப்பா பிள்ளை. அதாவது பங்காளி. அப்புறம் சண்டைக்குக் கேட்கவேண்டுமா? போன ஐப்பசியில் முனுசாமி மலேரியாவில் படுத்துவிட்டார். ஆறு வாரம் அந்த இடத்தில் தங்கவேலு உட்கார்ந்தார். ஜுரம் விட்டு இவர் போனால், அவர் எழுந்திருக்க மாட்டேன் என்கிறார். நானும் அதே தாத்தாவுக்குப் பேரன்தானே என்கிறார்.

அன்றிலிருந்து வாசலுக்கு இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் அவர். வருகிறவர் வலது காலைத் தூக்கினால் இவர் ஒன்றை உருவுகிறார், இடது காலைத் தூக்கினால் அவர் ஒன்றை உருவுகிறார். பாட்டு முடிந்து வெளியே வந்தால் எந்தச் செருப்புக்கும் ஜோடி கிடையாது! ஒரு காலில் தன்னுடையதும் மறு காலில் யாரோ ஒருவருடையதுமாக ஒருவர் வேலப்பன்சாவடி வரை நொண்டிக்கொண்டே போயிருக்கிறார்.

கோயிலில் முதல் மரியாதைக்கு அடித்துக்கொள்வதைப் பார்த்திருக்கிறோம். பரிவட்டம் எனக்கா உனக்கா என்று கோர்ட்டுப் படி ஏறினவர்கள் உண்டு. கடைசி மரியாதைக்கு அடித்துக்கொண்டு நீங்கள் பார்த்ததுண்டா? நான் பெரியவன் என்று நிரூபிப்பதற்குச் சாட்சி கிடைக்கும். நான் சின்னவன் என்று எப்படி நிரூபிப்பது?

காசிம் பாய் பொறுத்துப் பார்த்துவிட்டுக் கெடு வைத்துவிட்டார். அன்றைக்குச் சாயங்காலத்துக்குள் தீராவிட்டால் செருப்புக் காவலே கிடையாது, இரண்டு பேரும் வாசலை விட்டு எழுந்துவிட வேண்டியதுதான்.

தங்கவேலுவுக்கு அடக்கம் இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள் என்று கேட்டேன். முனுசாமி அதற்குத் தயாராகத்தான் வந்திருந்தார்.

"செருப்ப எடுத்தா தொடச்சி வெக்கணும். அவ்ளோதான். இவன் ஒவ்வொண்ணையும் திருப்பி அடியப் பாக்கறான் சார். சந்தையில மாட்டுக்குப் பல்லு பாக்கற மாதிரி. யாரு இன்னா ஒசத்தியில போட்டுகினு வராங்கன்னு பாக்கறான். இவனுக்கா 'நான்' பூட்ச்சி?"

நியாயம்தானே? எனக்கும் அப்படித்தான் பட்டது. கிளம்பிவிட்டேன்.

கிளம்பும்போது என் மனைவி ஒரு எச்சரிக்கை கொடுத்தாள். இந்த யுத்த காலத்தில் தோலெல்லாம் பட்டாளத்துக்குப் போகிறது. மூன்று மாதம் அலைந்து சைனா பஜாரில் வாங்கிய புதுச் செருப்பு. ஒற்றைக் காலோடு வந்து நிற்காதீர்கள் என்றாள். புத்திசாலித்தனமான யோசனைதான். கையில் அகப்பட்ட பழைய பத்திரிகை ஒன்றை மடித்துப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஏரிக்கரையோரம் வண்டி போகிறபோது முனுசாமி, காசிம் பாய் பாடும் பாட்டு ஒன்றைப் பாடிக் காட்டினார். யார் கட்டியதென்று யாருக்கும் தெரியாது. கட்டியவர் தன் பெயரை வைக்கவில்லை.

*உள்ளே வாவென் றழைக்காதே — என்*
*உடம்பெல்லாம் தெருப் புழுதி*
*வாசல் செருப்பாய்க் கிடக்கவிடு — நீ*
*வரும்நாள் காலில் அணிவாயே*

நான் விடுவேனா? இது வெறும் அடக்கம் இல்லை ஐயா, பேராசை என்று ஆரம்பித்தேன். உள்ளே போனவர்களுக்கு முகம் பார்க்கத்தான் கிடைக்கும்; செருப்புக்குத்தான் பாதம் கிடைக்கும். பிரியம் முற்றினவன் கீழே போய் உட்காருவது தன்னைத் தாழ்த்திக்கொள்ள அல்ல, இன்னும் கிட்டே போக. இப்படியே அயனம்பாக்கம் வரை பேசினேன். முனுசாமி ஒவ்வொரு வாக்கியத்துக்கும் "அதான் சார், அதான்" என்று மாட்டைத் தட்டினார்.

"நாப்பது வருசமா வாசல்லதான் சார் கேக்கறேன். உள்ள போயி ஒரு நாளு ஒக்காந்ததில்ல" என்றார். அதில் இருந்த பெருமையை நான் கவனிக்காமல் இல்லை. ஆனாலும் வண்டி அவருடையதாச்சே.

நூம்பலில் அவர் வீட்டில் சாப்பாடு. நாலு மணிக்குத் தர்காவில் இருந்தோம். குண்டு பயத்தில் ராத்திரி விளக்கு கூடாது என்று இருட்டடிப்பு வந்ததிலிருந்து விளக்கு வைக்கும் முன்னாலேயே பாட்டை முடித்துவிடுகிறார்கள்.

வாசலுக்கு அந்தப் பக்கம் தங்கவேலு உட்கார்ந்திருந்தார். முனுசாமியைவிட ஏழெட்டு வயது சின்னவர், ஒல்லி. என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. யாரோ ஒருவர் வந்து செருப்பைக் கழற்றினார். தங்கவேலு எடுத்தார், திருப்பினார், அடியைப் பார்த்தார், துடைத்தார், வைத்தார். முனுசாமி என்னைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினார்: பாத்தீங்களா?

நான் சாமர்த்தியமாக என் செருப்பைத் தெருவிலேயே கழற்றிப் பத்திரிகையில் சுற்றி அக்குளில் இடுக்கிக்கொண்டேன்.

காசிம் பாய் பரம சாது. பத்திரிகைக்காரர் வந்திருக்கிறார் என்று எங்கிருந்தோ ஒரு நாற்காலி கொண்டுவந்து வாசலில் போட்டார். மற்ற எல்லாரும் தரையில். நான் நாற்காலியில் உட்கார்ந்து அடக்கத்தைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன். நன்றாகத்தான் பேசினேன். கடைசியில் தீர்ப்பு: நாற்பது வருஷ வழக்கம் முனுசாமியுடையது, இடமும் அவருடையதே. அதோடு நிறுத்தியிருக்கலாம். செருப்பின் அடியைப் பார்த்து மனிதர்களை எடை போடுகிறவரிடம் 'நான்' இன்னும் பத்திரமாக இருக்கிறது என்று ஒரு வரி சேர்த்தேன். அதை இப்போது எழுதவே கை கூசுகிறது.

தங்கவேலு கையிலிருந்த செருப்பைத் துடைத்து முனுசாமியின் வரிசையில் கொண்டுபோய் வைத்தார். துண்டை உதறினார். பிறகு என்னிடம் அல்ல, முனுசாமியிடம் கேட்டார்.

"அண்ணாத்தே, நான் கை வெக்கல. ஓரமா நின்னு அடிய மட்டும் பாத்துகினு இருக்கட்டா?"

"அடியில இன்னாடா கீது?"

தங்கவேலு தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

அவருக்கு ஒரே மகன், ஏழுமலை. பட்டாளத்தில் சேர்ந்தான், பர்மாவுக்கு அனுப்பினார்கள். இது ஊருக்கே தெரியும். ரங்கூன் விழுந்த பிறகு அவனிடமிருந்து கடிதமே இல்லை. அதுவும் தெரியும். எதற்காகச் சேர்ந்தான் என்பது மட்டும் யாருக்கும் தெரியாது.

"களத்துல வெச்சி செருப்பால அடிச்சேண்ணா. மீச மொளச்ச புள்ளய. மறுநாளே பூட்டான். கோச்சிகினு போனவன் ஊட்டுக்கு வரமாட்டான். வந்தான்னா பாட்டு கேக்க இங்கதான் வருவான். என் மூஞ்சியப் பாத்தா திரும்பிப் பூடுவான்னு நான் தலையத் தூக்கறதில்ல. அவனுக்கு இடது குதி வெளிப்பக்கமா தேயும். அத்தப் பாத்தா எனக்குத் தெரிஞ்சிடும்."

முனுசாமிக்கு முகமே மாறிவிட்டது. "அவன் எனக்கும் புள்ளதானடா. இத்த எங்கிட்ட சொல்றதுக்கு இன்னா?"

"சொன்னா உங்கிட்ட எடத்தக் கேட்ட மாதிரி ஆவும். நான் சின்னவனாப் பூடுவேனேண்ணா."

கேட்டீர்களா? வாரா வாரம் ஊரார் செருப்பையெல்லாம் துடைக்கிறவர். அதற்குச் சின்னவராக அவருக்குச் சம்மதம். அண்ணனிடம் ஒரு வார்த்தை கேட்பதற்கு மட்டும் சம்மதம் இல்லை. அவரை மட்டும் சொல்வானேன்? முன்பின் தெரியாதவர் காலிலெல்லாம் விழுந்துவிடுகிற நாம், கூடப் பிறந்தவனிடம் போய் எனக்கு இது வேண்டும் என்று கேட்பதற்குள் தலைமுறையே போய்விடுகிறது.

முனுசாமி ஓரத்தில் கிடந்த தன் செருப்பை மாட்டிக்கொண்டு விறுவிறு என்று தெருவில் இறங்கி நடந்தார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். காசிம் பாய் கூப்பிடக்கூட வாயெடுத்தார். வண்டி அவிழ்த்துவிட்டிருந்த புளியமரம் வரை போனார். அங்கே திரும்பினார். யாரோ வெளியூர்க்காரர் பாட்டுக் கேட்க வருகிறமாதிரி நடந்து வந்து, தங்கவேலுவுக்கு நேரே நின்று, செருப்பைக் கழற்றினார். உள்ளே போய்த் தூணோரம் உட்கார்ந்தார்.

நாற்பது வருஷத்தில் முதல்முறை. கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் மடியில் வைத்தார், எடுத்தார்.

தங்கவேலு அந்த ஜோடியை எடுத்தார். அடியைத் திருப்பிப் பார்க்கவில்லை. இரண்டு தரம் துடைத்தார். மூக்கை உறிஞ்சிக்கொண்டார். முன்பக்கம் தெருவைப் பார்க்க வைத்தார்.

உள்ளே காசிம் பாய் கஞ்சிராவைத் தட்டினார். அதே பாட்டு. 'நீ வரும்நாள் காலில் அணிவாயே' என்ற அடி வந்தபோது வாசல் பக்கம் யாரும் திரும்பவில்லை. திரும்பத் தைரியம் இல்லை. அந்த அடிக்குத்தானே வண்டியில் அயனம்பாக்கம் வரை அர்த்தம் சொல்லிக்கொண்டு வந்தேன்? எனக்கு அழுகை வந்தது. சொல்வதில் வெட்கம் என்ன?

ஏழுமலை அன்றைக்கு வரவில்லை. இதை எழுதும்வரை கடிதமும் வரவில்லை. வருவான் என்று எழுதிவிட ஆசைதான், ஆனால் எனக்குத் தெரியாததை எழுதக்கூடாது. எழுதி எழுதித்தான் இந்த வம்பே.

பாட்டு முடிவதற்குள் நான் நாற்காலியை விட்டு எழுந்து உள்ளே போகப் போனேன். தங்கவேலு தலையைத் தூக்காமலே கையை நீட்டினார்.

"சார், உங்க செருப்பு?"

அக்குளிலிருந்து பொட்டலத்தை எடுத்துப் பிரித்தேன். அப்போதுதான் காகிதத்தைப் பார்த்தேன். இதே பக்கம். இதே பத்தி. 'நான்' போக வேண்டும் என்று ஒன்றரைக் காலம்.

அவர் செருப்பைத் திருப்பி இடது குதியைப் பார்த்தார். புதுசு, தேய்மானமே இல்லை. துடைத்து வரிசையில் வைத்தார். கீழே நழுவிய காகிதத்தை எடுத்துப் புழுதி தட்டி, இரண்டு கையாலும் என்னிடம் நீட்டினார்.

"எழுத்து கீது சார். வாசல்ல போடக்கூடாது."

யார் எழுத்து என்று அவர் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.