அஞ்சலையின் அசையாத கணக்கு

கடன் வாங்கியவரைத் தேடிப் பிடித்துவிடலாம். பணத்தைப் போட்டுவிட்டு எட்டிப் பார்க்காதவரைப் பிடிப்பதுதான் பெரும்பாடு. சிக்கனச் சங்கத்தில் கணக்கெழுதும் கிராணி வேலை பார்த்து நொந்த சகோதரர்களே, உங்களுக்கு நான் சொல்லியா தெரிய வேண்டும்? 1920-களில், மலாயாவில், ஈப்போவில் சங்கம் தொடங்கிய புதிதில், நான் பட்டதைக் கேளுங்கள்.

மூன்று கடுதாசி

ஒரு வருஷம் காசு கட்டாத அங்கத்தினருக்கு மூன்று கடிதம் போடவேண்டும். பதில் இல்லையென்றால், ஆண்டுக் கூட்டத்தில் கணக்கை மூடிப் பணத்தைப் பொதுநிதியில் சேர்த்துவிடுவார்கள். அஞ்சலை என்று ஒரு பெண், ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டுகிறவள். அவளுக்குப் போட்ட மூன்றும் பிரிக்காமலே திரும்பி வந்தன. தோட்டத்துக் கிராணி மேலே ஒரு வரி எழுதியிருந்தார்: "படிக்கத் தெரியாதவளுக்கு மூன்று எதற்கு? ஒன்றே போதுமே."

பிரட்டில் படித்த பெயர்

கூட்டத்துக்கு ஒரு மாதம்தான் இருந்தது. வாயைக் கட்டி வயிற்றைக் கட்டிச் சேர்த்த பணமாயிற்றே என்று, சைக்கிளை மிதித்துக்கொண்டு தோட்டத்துக்கே போனேன். விடியற்காலையில் ஆள்கணக்கு எடுக்கும் பிரட்டில் நின்று, "அஞ்சலை, சங்கத்தில் உன் பணம் கிடக்கிறது, வந்து பார்" என்று உரக்கப் படித்தேன்.

பெண்கள் வாளியைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். அவள் புருஷன் காத்தான் மட்டும் ஓடி வந்தான். அவன் அடி தாங்காமல் அவள் ஓடிப்போய் ஒரு வருஷத்துக்கு மேலாகிறது என்பது எனக்கு அப்புறம்தான் தெரிந்தது. என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னான்: "அவ காசு சேத்த சங்கதியே நீங்க சொல்லித்தான்யா எனக்குத் தெரியும். நல்லா இருப்பீங்க!"

சனிக்கிழமைக் காவல்

அவள் கைநாட்டு இல்லாமல் ஒரு காசு தரமாட்டோம் என்று அவனை விரட்டினேன். அவனோ, நாங்கள் காசு வாங்கும் சனிக்கிழமைதோறும் சங்கத்து வாசற்படியில் வந்து உட்கார்ந்துகொண்டான். அவள் வந்தால் மாட்டிக்கொள்வாள். வராவிட்டால் பணம் போய்விடும். இரண்டுக்கும் நானே காரணம்.

கூட்டத்துக்கு முந்திய சனிக்கிழமை வாசற்படி காலியாக இருந்தது. தோட்டத்தில் சம்பள நாள். காத்தான் கள்ளுக்கடையில் இருந்திருப்பான். அதைக் கணக்குப் போட்டுத்தான் அஞ்சலை வந்தாள். பக்கத்துப் புந்தோங்கில் மாட்டுக்கொட்டகையில் வேலையாம்; நான் பிரட்டில் படித்ததைத் தோட்டத்துப் பெண்கள் ஆள் விட்டுச் சொல்லியிருக்கிறார்கள். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே, பணத்தைத் திருப்பித் தரும் படிவத்தை எடுத்தேன். அவள் முந்தானை முடிச்சை அவிழ்த்து, அரை வெள்ளிக் காசை மேசைமேல் வைத்தாள்.

"மூடாதீங்கய்யா, இதையும் சேத்துக்குங்க. ரசீதுகூட வேணாம், பேர மட்டும் இனிமே படிச்சிராதீங்க."

அதன்பிறகு அசையாத கணக்கு எதைக் கண்டாலும், முதலில் நான் என் வாயைத்தான் மூடிக்கொள்வேன்.