டோஹா யாகூப் கேட்ட கேள்வி

டோஹாவில் இருக்கும் யாகூப் ஹாஜியார், ரத்தோட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் தொழிலாளர் குடியிருப்பான மேல் லயத்துக்கு முப்பத்தெட்டு வீடு கட்டிக் கொடுக்கப்போகிறார் என்று மாத்தளையில் ஒரு கதை ஓடுகிறது. பஸ் நிலையத்தில் நான் கேட்டபோது அது பன்னிரண்டு வீடாகத்தான் இருந்தது. திருகோணமலை வீதியை நடந்து முடிப்பதற்குள் முப்பத்தெட்டாகிவிட்டது. பேக்கரியில் பிளேன்டீ குடித்தபோது வீடுகளோடு ஒரு தண்ணீர்த் தாங்கியும் சேர்ந்துகொண்டது. இன்னும் கொஞ்சம் நடந்தால் ஹெலிகொப்டர் தளமும் வந்துவிடும் என்று பயந்து அங்கேயே நின்றுவிட்டேன்.

ஹாஜியாரை நேரில் பார்த்தவர் எவருமில்லை. ஆனால் அவருடைய நிறத்துக்கும் உயரத்துக்கும் தங்கமான மனதுக்கும் சாட்சிகள் இருந்தார்கள். ஒருவர் அவரோடு பள்ளிக்கூடத்தில் ஒரே வாங்கில் இருந்தவர். இன்னொருவருக்கு அவர் தூரத்து மாமா. ஒரே ஒரு விஷயத்தில் மட்டும் எல்லாருடைய கதையும் ஒத்துப்போனது: போன மாதம் நகரத்து மண்டபத்தில் மண்சரிவு பற்றிய பொதுக்கூட்டம் நடந்தது, அது இணையத்தில் நேரடியாக ஒளிபரப்பானது, யாகூப் டோஹாவிலிருந்து ஒரு கேள்வி கேட்டார். அந்த ஒரு கேள்வியிலிருந்துதான் இத்தனை வீடும் முளைத்தன.

டோஹாவில் மைத்துனர் இருக்கும் மாத்தளைக்காரர், சாதிக்காய் வியாபாரி லாபிர். மைத்துனரின் பெயரும் யாகூப்தான். லாபிர் பள்ளிவாசல் நிர்வாகத்தில் இருப்பவர், ஊரே நானா என்று கூப்பிடும் மனிதர். கடைக்குள் நுழைந்து யாகூப் என்றதும் கையிலிருந்த சாக்கு ஊசியைக் கீழே வைத்தார்.

"நீங்களும் அதுக்கா வந்த? அவன் டோஹாவில கிரேன் ஓட்டுறவன். அந்தக் கூட்டம் நடந்த நேரம் எட்டு மாடி உயரத்தில தொங்கிட்டு ஈந்தான். கேள்வி கேக்க அவனுக்கு எங்க நேரம்?"

"அப்போ வீடு கட்டிக் கொடுக்கிறது?"

"அவன்ட சொந்த வூட்டுக்கே இன்னும் கூரை இல்ல." குரலைத் தாழ்த்தினார். "கூட்டம் வச்ச ஆபிசிலருந்து கோல் எடுத்தாங்க. யாகூப்ட பாஸ்போட் நம்பர் என்ன, என்ன வேல, இங்க ஆருக்கிட்ட எல்லாம் பேசுற எண்டு. வெளிநாட்டில ஈக்கிற எங்கட ஆள்ட பேரை ஒரு பைலில எழுதிட்டாங்க எண்டா, அதுக்குப் பொறகு வூட்டுக் கதவ ஆராவது தட்டினா எப்புடி ஈக்கும்? என்ட பொண்டாட்டி மூணு நாளா சரியா சாப்பிடல்ல."

நானா சிரிக்க முயன்றார். சரிவரவில்லை. "கேள்வி வந்தது லைவ் பண்ற தம்பிட ஸ்கிரீனுக்குத்தானே. அவர்ட கேளுங்க. நல்ல புள்ள. வெள்ளிக்கிழமை எங்கட மண்டபத்துப் பயானையும் அவர்தான் போடுறார்."

போவதற்கு முன் அந்தக் கூட்டத்தின் காணொளியைத் தேடி எடுத்துப் பார்த்தேன். நேரலை முடிந்தாலும் பார்த்தவர்கள் எழுதியதெல்லாம் கீழே அப்படியே கிடக்கும். இருநூற்றுப் பன்னிரண்டு கருத்துகள். குவைத்திலிருந்து ஒரு ஸலாம், சவுண்ட் குறைவு என்று பதினான்கு முறைப்பாடு, நாவுல பக்கம் யானை வேலி எப்போது வரும் என்று ஒரு விவசாயி, மிச்சமெல்லாம் இதயமும் கும்பிடும் கைகளும். யாகூப் இல்லை. டோஹா இல்லை. அந்தக் கேள்வியும் இல்லை.

லைவ் போடுகிறவரை இங்கே சசிக்குமார் என்று வைத்துக்கொள்வோம். அது அவர் பெயரல்ல. மாத்தளையில் இந்தத் தொழில் செய்கிறவர்கள் ஐந்தாறு பேர் இருக்கிறார்கள். யார் என்று தேடிப்போகிறவர்களுக்கு என்னால் தர முடிந்த ஒரே அடையாளம், ஆள் பயந்தவர். அதை வைத்துக்கொண்டு தேடினால் ஐந்தாறு பேருமே அகப்படுவார்கள்.

வயது முப்பத்தாறு. பிறந்தது, கல்யாணம் கட்டியது, இப்போது குடியிருப்பது எல்லாம் அதே மேல் லயத்தில். கல்யாணம், சாமத்தியச் சடங்கு என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தவரைக் கொரோனா காலம் நேரலைக்குத் தள்ளியது. இன்று மாவட்டத்தில் மைக் கட்டிப் பேசும் எவரும் அவருடைய கேமராவுக்குத் தப்புவதில்லை. கோயில் சொற்பொழிவு, பள்ளிவாசல் பயான், வஹகோட்டைத் திருவிழாப் பிரசங்கம், பிரதேச சபைக் கூட்டம், வேட்பாளர் விவாதம். ஆயிரம் மணித்தியாலப் பேச்சைக் காதில் ஹெட்போன் மாட்டிக் கேட்ட இந்த மனிதர், ஒரு கூட்டத்திலும் வாய் திறந்து ஒரு வார்த்தை பேசியதில்லை. மைக் சோதனைக்குக்கூட ஹலோ சொல்லமாட்டார், விரலால் தட்டிப்பார்ப்பார். தோட்டத்தை நடத்தும் துரையைக் கண்டால் பயம், தொழிற்சங்கத் தலைவரைக் கண்டால் பயம், பெரிய மழைக்குப் பிறகு வானத்தைக் கண்டாலும் பயம்.

என்னைக் கண்டும் பயந்தார். லயத்துக்குப் போகும் பாதையில் என்னைப் பார்த்ததும், கேட்பதற்கு முன்பே, "சார், நான் இல்லைங்க" என்றார்.

"நான் இன்னும் ஒன்றுமே கேட்கவில்லையே."

"அதுதாங்க சார் பயமா இருக்கு."

மனைவி நிரஞ்சனி வாசலுக்கு வந்தார். "உள்ள கூட்டிட்டு வாங்க. சாருக்கும் அந்த டேப்ப காட்டுங்க. எத்தன பேருக்குத்தான் ஒளிப்பீங்க?"

அடுப்புக்குப் பக்கத்தில் சிமெந்துத் தரையில் ஒரு வெடிப்பு. போன வருடப் பெருமழைக்குப் பிறகு வந்தது. பின்சுவரைத் தாண்டி, தேயிலை மலைக்குள் ஏறிப் போகிறது. அதன் குறுக்கே ஒரு துண்டு வெள்ளைக் காகித டேப் ஒட்டியிருந்தது, அதன்மேல் பேனாவால் தேதி. மேடையில் பேச்சாளர் எந்த இடத்தில் நிற்கவேண்டும் என்று குறிப்பதற்கு இவர்கள் ஒட்டுகிற டேப். தரை அசைந்தால் டேப் கிழியும். கிழிந்த துண்டுகளைச் சசிக்குமார் வீசவில்லை. தேதி வாரியாகச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். மூன்று.

கூட்டத்தன்று நடந்ததைப் பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். மேல் லயத்திலிருந்து பதினைந்து பேர் மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்தார்கள். முன்வரிசையில் துரை. பக்கத்து வீட்டு அழகம்மா மூன்று தடவை கை உயர்த்தினார். மூன்று தடவையும் தொழிற்சங்கத் தலைவர் திரும்பிப் பார்த்து, "கையக் கீழ போடும்மா, நேரமில்ல" என்றார். சசிக்குமார் அந்தக் கை ஏறுவதையும் இறங்குவதையும் கேமராவுக்குள் பார்த்தார்.

எங்கள் கூட்டங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. இணையத்தில் வரும் கேள்விக்குத்தான் முதலிடம். லைவ் போடுகிறவர் அதைத் துண்டில் எழுதிக் கொடுப்பார், அறிவிப்பாளர் வாசிப்பார். மண்டபத்தில் இருப்பவரை, பிறகு பார்ப்போம் என்று உட்காரவைக்கலாம். வெளிநாட்டில் இருப்பவரை உட்காரவைக்க முடியாது, அவர் ஏற்கனவே உட்கார்ந்துதான் இருக்கிறார். அதோடு அவரோடு சேர்ந்து யார் யார் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அதிகாரிக்குத் தெரியாது. தெரியாதவனுக்குக் கொடுக்கும் மரியாதை தெரிந்தவனுக்குக் கிடைப்பதில்லை.

சசிக்குமார் ஒரு துண்டை எடுத்தார்.  தமிழ்ப் பெயர் எழுதினால் தோட்டத்தில் எந்த வீட்டு ஆள் என்று தேடுவார்கள். அதனால் தோட்டத்தில் யாருக்கும் இல்லாத பெயர் ஒன்றை எழுதினார்.

"டோஹாவிலிருந்து யாகூப் அவர்கள் கேட்கிறார்," என்று அறிவிப்பாளர் கம்பீரமாக வாசித்தார். "மேல் லயத்து வீடொன்றின் தரை வெடிப்பில் ஒட்டிய டேப் ஒன்றரை மாதத்தில் மூன்று முறை கிழிந்துள்ளது. அடுத்த மழைக்கு முன் யாராவது வந்து பார்ப்பீர்களா?"

அதுவரை மேடையில் கோப்பைப் புரட்டிக்கொண்டிருந்த அதிகாரி நிமிர்ந்து உட்கார்ந்தார். "பாருங்கள், டோஹாவில் இருந்துகொண்டே எத்தனை தடவை கிழிந்தது என்று கணக்கு வைத்திருக்கிறார்! இப்படியான மனிதர்கள்தான் நாட்டுக்குத் தேவை. யாகூப் அவர்கள் முகவரியோடு ஒரு கடிதம் எழுதட்டும். உடனே ஆள் அனுப்புகிறோம்."

மண்டபம் கைதட்டியது. கைதட்டலுக்கு நடுவே துரை தலையை மெதுவாகத் திருப்பினார். சசிக்குமார் எத்தனையோ மேடைகளில் துரையைப் படம் எடுத்திருக்கிறார். துரை கேமராவைப் பார்த்தது அன்றுதான் முதல் தடவை. லென்சுக்குள் நேராகப் பார்த்துக்கொண்டே இருந்தாராம். "நான் கேமராவுக்குப் பின்னாலதான் சார் நின்னேன். ஆனா முன்னால நிக்கிற மாதிரி இருந்துச்சு."

இல்லாத மனிதர் கேள்வி கேட்கலாம். கடிதம் எழுதுவதுதான் கஷ்டம். கடிதம் போகாததால் ஆள் வரவில்லை. ஆள் வராமல் மூன்று வாரம் ஓடிவிட்டது. அதற்குள் ஊர் யாகூப்புக்கு ஹஜ்ஜும் செய்துவைத்து, கையில் கரண்டியும் கொடுத்து வீடு கட்ட அனுப்பிவிட்டது. லயத்துக்காரர்களும் கதையை நம்பிச் சும்மா இருந்துவிட்டார்கள். இதுதான் சசிக்குமாருக்கு எல்லாவற்றையும்விடப் பெரிய பயம். "ஆளு வருவாங்கன்னு இருக்காங்க சார். வர மாட்டாங்கன்னு எனக்கு மட்டுந்தான் தெரியும்."

அவர் சொல்லி முடிக்கும்போது பிற்பகல் மூன்று மணி இருக்கும். மழை தொடங்கியது. தகரக் கூரையில் அது விழுந்த சத்தத்தில் பேச்சு கேட்கவில்லை. சசிக்குமார், நிரஞ்சனி, ஐந்தாம் வகுப்புப் படிக்கும் மகள், நான். நான்கு பேரும் ஒரு விரல் அகல டேப்பைச் சுற்றிக் குந்தியிருந்தோம். கூரையைப் பார்க்கவில்லை, மலையைப் பார்க்கவில்லை. பின்சுவருக்கு அப்பால் எங்கோ ஒரு கல் உருண்டது. மகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டாள். கேலி எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த நேரம் ஒரு கேலியும் வாயில் வரவில்லை. எந்தப் பக்கம் ஓடினால் வாசல் என்றுதான் பார்த்துக்கொண்டேன்.

அரை மணி நேரம். டேப்பின் நடுவில் முதலில் ஒரு சுருக்கம் விழுந்தது. பிறகு ஓரத்திலிருந்து, யாரோ நகத்தால் கீறுவதுபோல, மெல்லக் கிழிந்தது. சத்தமே இல்லை.

"நாலு," என்றாள் மகள்.

நிரஞ்சனி எழுந்து மகளின் கொப்பியிலிருந்து ஒரு தாளைக் கிழித்துக் கணவரின் முன் வைத்தார். "எழுதுங்க. உங்க பேர்ல எழுதுங்க."

"தொரை கேட்டா?"

"மலை கேக்காமலே வரப்போகுது. தொரை கேட்டுட்டாவது வரட்டும்."

சசிக்குமார் எழுதினார். டோஹா யாகூப் சார்பாக என்று தொடங்கியதை நிரஞ்சனி எட்டிப் பார்த்து வெட்டச் சொன்னார். வெட்டினார். பெயர், வீட்டு இலக்கம், நான்கு தேதிகள். கையெழுத்துப் போடும் இடம் வந்ததும் பேனாவை இரண்டு தடவை கீழே வைத்தார். மூன்றாம் தடவை போட்டார். கடிதத்தை மடித்து நிரஞ்சனியே வைத்துக்கொண்டார்.

"நான் குடுக்குறேனே."

"உங்ககிட்ட குடுத்தா டோஹாவுக்குப் போயிரும்."

அடுத்த நாள் காலை நிரஞ்சனியே மாத்தளை அலுவலகத்துக்குப் போய்க் கொடுத்து, பிரதியில் திகதி முத்திரையும் வாங்கிவந்தார். ஐந்தாம் நாள் அங்கிருந்து இரண்டு பேர் வந்தார்கள். வெடிப்பைத் தொடர்ந்து மலையில் ஏறினார்கள், இறங்கினார்கள், சுவரில் ஒட்டியிருந்த நான்கு டேப் துண்டுகளையும் போனில் படமெடுத்தார்கள். அன்று மாலையே மேல் லயத்தில் ஏழு குடும்பம் வெளியேற வேண்டும் என்று தாள் வந்தது. இப்போது ஏழு குடும்பமும் பிள்ளைக்காம்பிராவில் இருக்கிறார்கள், பகலில் தோட்டத்துக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் அந்த ஒற்றை மண்டபத்தில். முப்பத்தெட்டு வீடு வரவில்லை. ஏழு பாய் விரிக்க இடம் வந்திருக்கிறது. அங்கேயும் சசிக்குமார் தரையில் ஒரு டேப் ஒட்டியிருக்கிறார். இதுவரை கிழியவில்லை.

துரை ஒன்றும் சொல்லவில்லை. ஒரே ஒரு தடவை வழியில் கண்டு, "என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே" என்றாராம். அழகம்மா போய் நான்கு தடவை சொல்லியிருந்தார். அதற்குப் பிறகு துரையிடமிருந்து ஒரு சத்தமும் இல்லை. துரை சத்தம் போட்டால் எவ்வளவு நேரம் பயப்படவேண்டும் என்று சசிக்குமாருக்குத் தெரியும். சத்தம் போடாத துரைக்கு எவ்வளவு நேரம் என்று தெரியவில்லை. அதனால் எல்லா நேரமும் பயந்துகொண்டிருக்கிறார்.

இதை எழுதலாமா என்று கேட்டேன். 

"எழுதுங்க சார். ஆனா அதுக்கு முந்தி லாபிர் நானாகிட்ட நானே சொல்லிடுறேன். எவன் பேரோன்னு நெனச்சு எழுதினேன். அது அவர் மச்சான் பேரா போச்சு. அவங்க வீட்டுல சாப்பிடாம இருந்தாங்கன்னு நீங்க சொன்னதுல இருந்து எனக்கு ஒரு மாதிரியா இருக்கு. வெள்ளிக்கிழமை வரைக்கும் டைம் குடுங்க."

கொடுத்தேன். அந்த வெள்ளிக்கிழமை பயான் முடிந்து, வயர் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் நானா தன் கையாலேயே பிளேன்டீ கொண்டுவந்து நீட்டி, "பயப்படாதீங்க தம்பி, உங்கட லயத்து ஆளுகளுக்காக துஆ கேட்டோம்" என்றாராம். சசிக்குமார் குடித்தார், யாகூப் பெயரை எடுக்கவில்லை. கோப்பையைக் கழுவிக் கொடுத்துவிட்டு வந்துவிட்டார். அடுத்த வெள்ளிக்கிழமையும் அப்படித்தான், அன்று பிளேன்டீயோடு வட்டிலப்பமும் இருந்தது.

இது ஞாயிற்றுக்கிழமை வெளிவரும். நானா ஞாயிறு பத்திரிகையை முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை வாசிப்பவர். பெயர்களை மாற்றியிருக்கிறேன், ஆனால் கிரேன் ஓட்டும் மைத்துனரை அவருக்கு அடையாளம் தெரியாமல் போகாது. சனிக்கிழமை மாலை இதை அச்சுக்குக் கொடுக்கும் முன் சசிக்குமாரை ஒரு தடவை அழைத்து, நானாவிடம் சொல்லியாகிவிட்டதா என்று கேட்டேன்.

"நானா கடை வாசல்லதாங்க சார் நிக்கிறேன்," என்றார். "உள்ள ஆளுங்க இருக்காங்க."