மாமன் எடுத்த மயில்கழுத்துப் பட்டு

லாரிக்கு அடியில் படுத்திருக்கும்போது இசக்கிராஜாவுக்கு எல்லாம் தெளிவாகத் தெரியும். எழுந்து வெளியே வந்தால்தான் குழப்பம். கோவில்பட்டி பைபாஸ் ஓரத்துப் பட்டறையில் அவன் லாரிக்கு மாட்டிய ஸ்பிரிங் பிளேடை எந்த டிரைவரும் குறை சொன்னதில்லை. குறை சொல்வதற்கென்றே சொந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அதிலும் அக்காள் செண்பகவல்லி வாக்கப்பட்டுப் போன எட்டயபுரத்து வீட்டில் அது ஒரு பொழுதுபோக்கு.

அக்காள் மகள் கிருஷ்ணப்ரியாவுக்குக் கல்யாணம் முடிவானதும் அவனுக்குச் சந்தோஷத்தைவிடப் பயம்தான் முதலில் வந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள் சாயங்காலம் தாய்மாமன் சீர். மாமன் கொண்டுவரும் பட்டைப் பெண்ணின் தகப்பன் வழிப் பெண்கள் சபையில் பிரித்துப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகுதான் பெண் அதைக் கட்டுவாள். பிரிக்கப்போவது அத்தானின் அக்காள் பாண்டியம்மாள். அந்தம்மாள் வாயில் விழுந்தவர்கள் லேசில் எழுந்ததில்லை.

கிருஷ்ணப்ரியாவுக்கோ இந்தக் காலத்துப் பட்டு பிடிக்கவில்லை. அகலக் கரை வைத்து, கனமாக, பழைய தினுசில் வேண்டும் என்றாள். அவன் ஜவுளிக்கடையில் போய் அப்படி ஒன்றின் விலையைக் கேட்டு, அவர்கள் கொடுத்த கலர் சோடாவை மட்டும் குடித்துவிட்டுத் திரும்பினான்.

“மாமா, மஸ்தான் பாய் கிடங்குக்குப் போவமா? காலேஜ் பிள்ளைய எல்லாம் அங்கனதான் எடுக்குதாங்க,” என்றாள் அவளே.

ஒரு காலத்தில் தீப்பெட்டிப் பண்டல் அடுக்கியிருந்த கிடங்கு அது. இப்போது முழுக்கப் பழைய துணி. சபாரி சூட் ஒரு பக்கம், பெல்பாட்டம் ஒரு பக்கம், யாரோ கல்யாணத்துக்குப் போட்ட கோட்டுகள் ஒரு பக்கம். கடைசி வரிசை முழுக்கப் பட்டு. கிருஷ்ணப்ரியா ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றுவிட்டாள். மயில்கழுத்து நிறம், அரக்குக் கரை, கை வைத்தால் தெரிகிற சரிகை. தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடி முன்னால் நின்றாள்.

“யாரு கட்டுன சேலையோ தாயி. கல்யாணத்துக்குப் போய் இதை எடுக்கணுமா?”

“யாரோ நல்லா இருந்தவிய கட்டுனதுதான் மாமா. எனக்கு இதுதான் வேணும்.”

“யாரு வீட்டுது பாய்?” என்று மஸ்தானிடம் கேட்டான்.

“யாரு குடுத்தாங்கன்னும் சொல்ல மாட்டோம், யாரு வாங்குதாங்கன்னும் சொல்ல மாட்டோம். அப்படி இருந்தாத்தான் அண்ணாச்சி இந்த ஊர்ல இந்த யாவாரம் பண்ண முடியும்,” என்று சிரித்தார் மஸ்தான்.

முந்தியைப் பார்த்தான், கரையைப் பார்த்தான், வெளிச்சத்தில் பிடித்துக் கிழிசல் தேடினான். ஒன்றும் இல்லை. பாலிஷ் போட்டு, புது அட்டைப்பெட்டியில் வைத்து, வழக்கப்படி மூலையில் மஞ்சளும் தடவியாயிற்று. இனி யாரப்பன் வந்தாலும் கண்டுபிடிக்க முடியாது என்று நினைத்தான். ஆம்பளை புத்தி. சேலையில் வெளியே தெரிகிற இடத்தை மட்டும்தான் அது பார்க்கும்.

சீர் அன்றைக்கு மண்டபம் நிறைந்திருந்தது. பாண்டியம்மாள் பெட்டியைத் திறந்தாள். முந்தியைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சேலையைச் சரசரவென்று உருவி, இடுப்பில் சொருகுகிற உள்தலைப்பைக் கையில் பிடித்தாள். பொம்பளைகள் அங்கேதான் முதலில் பார்ப்பார்கள் என்பது அப்போதுதான் இசக்கிராஜாவுக்குத் தெரிந்தது. அந்த மூலையில், எலி கடித்த இடம் போல ஒரு சின்ன ஓட்டை, சிவப்பு நூலால் இழை இழையாக அடைத்துத் தைத்திருந்தது.

கட்டிக் கழித்த சேலையை மாமன்காரன் சீராகக் கொண்டுவந்தான் என்று இந்தச் சபையில் ஒரு சொல் விழுந்தால் போதும். அவன் பட்டறைக்கு ஓடிப்போய்விடலாம். செண்பகவல்லி எங்கே ஓடுவாள்? ஆயுசுக்கும் இந்த வீட்டில் அதைக் கேட்டுக்கொண்டே சோறு பொங்க வேண்டும். அக்காளைப் பார்க்கத் தைரியமில்லாமல் தரையைப் பார்த்தான்.

பாண்டியம்மாளின் பெருவிரல் அந்தத் தையலை ஒருமுறை தடவியது. பிறகு உள்தலைப்பைச் சுருட்டி மடிப்புக்குள்ளே தள்ளினாள்.

“கெட்டிப் பட்டு. மாமன்காரன் பாத்துத்தான் எடுத்திருக்கான். ஏட்டி, பிள்ளையக் கூட்டிட்டுப் போய்க் கட்டி விடுங்க,” என்றாள் சத்தமாக.

இசக்கிராஜா கை கழுவுகிற குழாயடிக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டு நின்றான். பின்னாலேயே பாண்டியம்மாள் வந்தாள்.

“ஏலே, மஸ்தான் கிடங்குலதான எடுத்த?”

“மதினி, நான் வந்து…”

“சத்தம் போடாத. அது என் கல்யாணச் சேலைலே. எலி கடிச்ச எடத்தைத் தச்சது இந்தக் கைதான். எங்க வீட்டுக்காரவிய ஆஸ்பத்திரியில கெடந்தப்ப, செலவுக்கு யாருக்கும் தெரியாம அங்க கொண்டுபோய்ப் போட்டேன். பேங்க் லாக்கர்ல இருக்குன்னு ஊரையே நம்ப வச்சிருக்கேன்.”

பாண்டியம்மாளுக்குக் குரல் தழுதழுத்தது. அந்தம்மாள் அழுது அவன் பார்த்ததே இல்லை.

“சரிகையில இருக்க வெள்ளிக்காகத் தீயில போட்டுப் பொசுக்கிருப்பானுவன்னு நெனச்சேன். சேலை எரியுத மாதிரியே கனாக் காணுதேன்லே. இன்னைக்குத்தான் மனசு ஆறிச்சு.”

“பிள்ளைக்குச் சொல்லட்டுமா மதினி?”

“சொன்னா ரெண்டு பேரு மானமும் போகும், மூதி,” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டு மண்டபத்துக்குள் போனாள்.

இசக்கிராஜா ரொம்ப நாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தான். உள்ளே போனபோது கிருஷ்ணப்ரியா சேலை கட்டிக்கொண்டு மேடைக்கு வந்திருந்தாள். பாண்டியம்மாள் எல்லாப் பெண்களையும் விலக்கிக்கொண்டு முன்னால் போய் நின்றாள்.

“ஏட்டி, ஒரு தரம் திரும்பு பாப்போம்.”

கிருஷ்ணப்ரியா திரும்பினாள்.

“இன்னொரு தரம் திரும்புட்டி,” என்றாள் பாண்டியம்மாள்.