சுருக்கம் விழுந்த குண்டு

என் மேசையில் பேனா வைக்கும் கிண்ணத்துக்குள் ஓர் ஈயக் குண்டு கிடக்கிறது. சுண்டுவிரலின் நுனி அளவுதான் இருக்கும். மேலெல்லாம் பாலாடை போலச் சுருக்கம். அச்சு நன்றாகச் சூடேறுமுன் ஈயத்தை ஊற்றினால் இப்படித்தான் வரும். எங்கள் மதினியின் சட்டப்படி இந்தக் குண்டு உலகத்தில் இருந்திருக்கவே கூடாது. மயிரளவு சுருக்கம் தெரிந்தாலும் திரும்பச் சட்டிக்குள் போட்டு உருக்கிவிடுவாள். நான் கெஞ்சியிருக்கிறேன், சண்டை போட்டிருக்கிறேன், ஒரு குண்டுக்குக்கூட அவள் மன்னிப்புக் கொடுத்ததில்லை. அப்படிப்பட்டவள் இந்த ஒன்றை மட்டும் முப்பது வருடத்துக்கு மேல் பத்திரமாக வைத்திருந்தாள் என்பது எனக்கு மிகவும் பிந்தித்தான் தெரிந்தது.

மதினி என் அண்ணனின் மனைவி. எழுபதுகளின் நடுப்பகுதி அது. அண்ணன் சரக்குக் கப்பலில் வேலை பார்த்தான், வருடத்தில் பத்து மாதம் கடலில் இருப்பான். தூத்துக்குடி வீட்டில் அம்மா, மதினி, நான் என்று மூன்றே பேர். நான் ஓர் அச்சகத்தில் எழுத்துக் கோக்கும் வேலையில் இருந்தேன். மதினியின் அப்பா சங்கு குளிக்கும் வள்ளம் வைத்திருந்தவர். இளவயதில் அவருக்குக் குறி பார்த்துச் சுடுவதில் பைத்தியம். தன் நாட்டுக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரரிடம் பழைய ரைபிள் ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஒரு தடவைக்கு ஒரு தோட்டாதான் போட முடியும், குழலும் சிறியது. பெரியவர் இறந்தபோது வீடு மூத்த மகனுக்கு, வள்ளம் இளைய மகனுக்கு என்று ஆயிற்று. துப்பாக்கியை யாரும் சீண்டவில்லை. போலீஸ் ஸ்டேஷனில் கொடுத்துவிடலாம் என்று மூத்தவர் சொன்னபோது, "அத எனக்குத் தாங்க" என்றாள் மதினி. எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பொய் சொல்வானேன்.

வீடு திரும்பும் வழியில் என்னை நிறுத்தி வைத்துக் கேட்டாள். "தம்பி, எம்பேருல இந்த ஒலகத்துல என்ன இருக்கு சொல்லு பாப்போம். ரேஷன் கார்டுல ஒங்க அண்ணன் பேருக்குக் கீழ நிக்கேன். அதுக்கு முந்தி எங்க அப்பா பேருக்குக் கீழ நின்னேன். ஒரு தகரப் பெட்டிகூட எம்பேருல கெடயாது. இது ஒண்ணாவது இருக்கட்டும்."

உரிமத்தை மகள் பெயருக்கு மாற்றுவது அவ்வளவு லேசான காரியமா? திருநெல்வேலிக்கு நாலைந்து நடை. கடைசியில் ஓர் அதிகாரி எங்களை உட்கார வைத்துப் பேசினார். கெட்ட மனிதர் இல்லை. ஆனால் கண்ணாடிக்கு மேலாகப் பார்த்து, "வீட்டுல ஆம்பளைங்க யாரும் இல்லையாம்மா?" என்று கேட்டார். மதினி என்னைக் கைகாட்டினாள். "இருக்காரு சார். பட்டாசு வெடிச்சாலே காதப் பொத்திக்கிடுவாரு." அதிகாரி சிரித்துவிட்டார், எனக்குத்தான் முகம் செத்துப் போயிற்று. ஆறு மாதத்துக்குத் தற்காலிக உரிமம் எழுதிக் கொடுத்தார். ஆறாம் மாதம் போலீஸ் மைதானத்துக்கு வந்து ஐம்பது கஜத்தில் ஓர் அட்டையைச் சுட்டுக் காட்ட வேண்டும். பத்துக்கு எட்டு பட்டால் உரிமம் அவள் பெயருக்கு வரும், படாவிட்டால் துப்பாக்கியை ஒப்படைத்துவிட வேண்டும். "பாத்துக்கோங்கம்மா" என்றார், அவள் தோற்றுவிடுவாள் என்று முன்கூட்டியே வருந்துகிறவர் போல.

முதல் முட்டுக்கட்டை அன்றைக்கே வந்தது. ஆயுதக் கடைக்காரர் துப்பாக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இந்த அளவுத் தோட்டா வெள்ளக்காரனோடயே கப்பலேறிப் போச்சேம்மா" என்றார். வெடிமருந்தும் அதைப் பற்றவைக்கும் கேப்பும் உரிமத்தைக் காட்டினால் தருவார், குண்டு அவரிடம் கிடையாது. நல்லவேளையாக மதினியின் அப்பாவும் இதே சங்கடத்தை அனுபவித்தவர். அவருடைய மரப்பெட்டியில் சுட்டு முடித்த பித்தளைக் கூடுகள் முப்பதுக்குக் கொஞ்சம் மேல் இருந்தன. குண்டை அவற்றில் பொருத்தும் கைக்கருவி ஒன்றும், பாக்குவெட்டியைப் போல விரிந்து மூடும் இரும்பு அச்சு ஒன்றும் இருந்தன. தோட்டாவை வீட்டிலேயே தயாரித்துக்கொள்ள அவர் அனுமதி எழுதி வாங்கியிருந்தார், அதே வரியைத் தற்காலிக உரிமத்திலும் மதினி கேட்டு எழுத வைத்தாள்.

ஈயத்துக்கு எங்கள் தெருவில் பஞ்சம் உண்டா? எந்த வீட்டுக் கொல்லையிலும் பழைய வலையில் கட்டிய ஈயம் கிடக்கும். கொல்லையில் அடுப்பு மூட்டி, இரும்புச் சட்டியில் உருக்கி, வார்த்தோம். வார்க்க வார்க்க அழகாக வந்தது. மாப்பிள்ளையூரணிக்கு அப்பால் தெரிந்தவர் ஒருவரின் உப்பளம் இருந்தது. அதன் ஓரத்துக் கரைமேட்டில் அட்டையை நட்டு முதல் நாள் சுட்டாள். அட்டையில் விழுந்த ஓட்டைகள் வட்டமாக இல்லை, நீளநீளமாக இருந்தன. குண்டுகள் மூக்கால் போகாமல் விலாவால் போயிருந்தன. வலை ஈயம் மிருதுவானது, குழலுக்குள் குண்டைச் சுழல வைக்கும் புரியில் அப்பிக்கொண்டு வழுக்கிவிடுகிறது. மூன்று வாரம் இதே கதை. சுடுவது அரை மணி நேரம், குழலைத் துடைப்பது அரை நாள். அம்மா வாசலில் நின்றபடி, "ஏளா, புருசன் கடல்ல கெடக்கான், நீ கம்பிய விட்டுக் கொடஞ்சிக்கிட்டு இருக்க. ஊரு சிரிக்குது" என்பாள். மதினி தலையைத் தூக்காமல், "சிரிச்சி முடிச்சதும் சொல்லுங்க மாமி" என்பாள்.

வழி என் கையிலேயே இருந்தது, எனக்குத்தான் உறைக்கவில்லை. ஒருநாள் அச்சகத்தில் கீழே விழுந்த எழுத்து ஒன்றைப் பொறுக்கும்போது நகத்தால் கீறிப் பார்த்தேன், கீறவில்லை. அச்செழுத்தும் ஈயம்தான், ஆனால் வேறு உலோகம் கலந்து இறுக்கியது. முதலாளி அண்ணாச்சியிடம் போய்த் தேய்ந்த எழுத்து கேட்டேன். "எதுக்குவே?" என்றார். சொன்னேன். எழுந்து தேய்ந்த எழுத்துப் பெட்டியைத் திறந்தார். "கல்யாணப் பத்திரிகையும் கருமாதிப் பத்திரிகையும் அடிச்சித் தேஞ்ச எழுத்துவே அது. ஒம்ம மதினி கையில போயி எந்திரிக்கட்டும்" என்று ஒரு சாக்குப் பை நிறையக் கொடுத்தார். அதையும் வலை ஈயத்தையும் கலந்து வார்த்த குண்டுகள் அட்டையில் வட்டமாக ஓட்டை போட்டன. மதினி அந்த அட்டையைக் கழற்றி முகத்துக்கு நேரே பிடித்து, ஒவ்வோர் ஓட்டை வழியாகவும் என்னைப் பார்த்தாள். அவ்வளவு சந்தோஷமாக அவளை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நாலு மாதம் பழகினாள். சுட்ட குண்டுகளைக் கரைமேட்டிலிருந்து தோண்டிச் சலித்து எடுத்து மறுபடி உருக்குவோம். அட்டையில் ஆறு, ஆறு, ஏழு, ஐந்து, எட்டு என்று ஏறியும் இறங்கியும் வந்துகொண்டிருந்தது. தேர்வுக்கு ஒன்பது நாள் இருந்தபோது, அன்றைக்கென்றே புதிதாகக் குண்டு வார்க்க உட்கார்ந்தோம். காலை பத்து மணி இருக்கும். சட்டியில் அச்செழுத்து உருகிப் பளபளவென்று கிடந்தது. மதினி கூடையிலிருந்து வலை ஈயத்தை அகப்பையில் எடுத்துச் சட்டிக்குள் விட்டாள். பட்டென்று ஒரு சத்தம். சட்டியில் இருந்த ஈயமெல்லாம் மேலே எழும்பிச் சுவரிலும் மண்ணிலும் சிதறியது. மதினியின் வலது முன்கை முழுக்க ஈயப் பொட்டு. கண்ணில் படாமல் போனது எங்கள் மாதா புண்ணியம்.

உருகிய ஈயத்துக்குள் சொட்டுத் தண்ணீர் போனாலும் வெடித்துவிடும் என்று எங்களுக்குத் தெரியும். ஈயத்தை நாலு நாள் வெயிலில் காய வைத்துத்தான் கூடையில் போட்டிருந்தோம். தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று நான் திகைத்து நின்றபோது, அம்மா கதவோரத்தில் சேலை முந்தானைக்குள் கையை மறைத்துக்கொண்டு நின்றாள். கையில், சத்தம் கேட்டதும் ஒளித்து வைக்க எடுத்த, மாதா கோயில் தீர்த்தப் புட்டி இருந்தது. எங்கள் கடற்கரையில் புது வலையானாலும் புது வள்ளமானாலும் தீர்த்தம் தெளிக்காமல் கடலில் இறக்க மாட்டார்கள். அம்மா விடியற்காலையில் யாருக்கும் தெரியாமல் வந்து ஈயக் கூடைக்குத் தீர்த்தம் தெளித்திருக்கிறாள். வலை ஈயம் தகட்டைச் சுருட்டிச் செய்தது, கயிறு போகும் துவாரத்துக்குள் தண்ணீர் தங்கிவிட்டது.

"நாந்தாம்ளா செஞ்சேன். வலைக்குத் தெளிப்போம்லா, அப்பிடி நெனச்சித் தெளிச்சிட்டேன். நீ செயிக்கணும்னுதாம்ளா" என்று அம்மா அழுதாள். மதினி கையை வாளித் தண்ணீரில் முக்கியபடி பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். முகமெல்லாம் வேர்வை. பிறகு சிரிக்கத் தொடங்கினாள். "மாமி, நீங்க எம்பக்கமா? இத மொதல்லயே சொல்லியிருந்தா கூடமாட நின்னிருக்கலாம்லா, தீர்த்தம் மிச்சமாயிருக்கும்." அம்மா அழுகையோடு சிரித்தாள். எனக்குத்தான் அழுகை நிற்கவில்லை.

டாக்டர் முழங்கை வரை கட்டுப் போட்டார். தேதியைத் தள்ளிவைக்கச் சொல்லி மனுப் போடலாம் என்றேன். "கை சுட்டுப்போச்சுன்னு போயி நின்னா, அந்த ஆபீசரு நான் அப்பவே சொன்னேனேம்பாரு. அந்த ஒரு வார்த்தைய நான் கேக்க மாட்டேன் தம்பி" என்றாள். சுவரிலிருந்து சுரண்டினோம், மண்ணைச் சலித்தோம். கிடைத்த ஈயத்தைச் சூடான ஓட்டின் மேல் பரப்பி இரண்டு நாள் காய வைத்தோம். அம்மா குச்சியோடு காவல் இருந்தாள், காக்கா எச்சம்கூட அதன்மேல் விழவில்லை. மூன்றாம் நாள் நான் அகப்பையைப் பிடித்தேன். அச்சைத் திறந்து மூட ஆள் வேண்டுமே? அம்மா கைகளை மூன்று தடவை துடைத்துவிட்டு வந்து உட்கார்ந்தாள். மதினி முக்காலியில் உட்கார்ந்து ஒவ்வொரு குண்டாகக் கண்ணுக்கருகில் வைத்துப் பார்த்தாள்.

அம்மா திறந்த முதல் குண்டு சுருக்கம் சுருக்கமாக வந்தது. அம்மா அதை எட்டிப் பார்த்து, "என்னளா இது, எம்மூஞ்சி மாதியே வந்திருக்கு! எம்பேரப் போட்டு வச்சிரு" என்றாள். பிறகு தானாகவே, "எம்பேர எழுதுனா எப்பிடி இருக்கும்னு நான் பாத்ததே இல்ல பாத்துக்கோ" என்றாள். அம்மா கைநாட்டுத்தான். அந்தக் குண்டும் மற்றவற்றோடு சட்டிக்குள் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் மதினியின் கண்ணுக்குத் தப்பித் தேறியவை பதினான்கு. அதிலும் பத்தைப் பொறுக்கினாள்.

போலீஸ் மைதானத்தில் சாக்கை விரித்துக் குப்புறப் படுத்தாள். கட்டுப் போட்ட கையைப் பார்த்ததும் அதிகாரி, "இன்னொரு நாள் வச்சுக்கலாமேம்மா" என்றார். "இன்னைக்கே இருக்கட்டும் சார்." மூன்றாவது குண்டு தவறியது. அவள் அசையவில்லை. ஒன்பது சுட்டு முடித்தபோது அட்டையில் எட்டு ஓட்டை. கைக்கட்டின் மேல் ரத்தம் கசிந்திருந்தது. "போதும்மா, எட்டு ஆயிடுச்சு, எழுந்திரிங்க" என்றார் அதிகாரி. மதினி படுத்தபடியே சொன்னாள். "பத்துன்னுல்லா சொன்னீங்க. ஒம்பதோட எந்திரிச்சா, பாதியில எந்திரிச்சவள்னு நாளைக்கு எவனாவது சொல்லுவான்." பத்தாவதையும் சுட்டாள். அது அட்டைக்கு வெளியே மண்ணில் போயிற்று. எழுந்து சேலையைத் தட்டிக்கொண்டு, "பத்துக்கு எட்டு. எழுதுங்க சார்" என்றாள். அவர் எழுதினார்.

உரிமம் தபாலில் வந்த அன்று, மதினி அம்மாவின் விரலைப் பிடித்துத் தன் பெயர் மேல் வைத்தாள். "மாமி, இதான் நானு." அம்மா அந்த இடத்தை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்தத் துப்பாக்கியால் அவள் ஓர் உயிரையும் கொன்றதில்லை. மாதம் ஒருநாள் உப்பளத்துக்குப் போய் அட்டையைச் சுடுவாள், தவணை வந்தால் தானே போய்ப் புதுப்பித்துக் கையெழுத்துப் போடுவாள். அண்ணன் ஓய்வு பெற்றான், அம்மா காலமானாள், பிறகு அண்ணனும் போய்விட்டான். மகளோடு இருக்க மதுரைக்குப் புறப்பட்டபோது துப்பாக்கியை ஒப்படைக்க முடிவு செய்தாள். துணைக்கு நான் போனேன். போலீஸ் ஸ்டேஷனில் இருந்த இளைஞர் காகிதத்தைப் பார்க்காமலே என் பக்கம் திரும்பி, "சார், உங்க பேரு?" என்று கேட்டார். "லைசென்சு எம்பேருல இருக்கு தம்பி" என்று மதினி பேனாவை வாங்கிக் கையெழுத்துப் போட்டாள். அந்தச் சின்னக் கட்டத்துக்குள் முழுசாகத் தன் பெயரை எழுதினாள், ஓர் எழுத்தைக்கூடச் சுருக்கவில்லை.

திரும்பும் பஸ்ஸில் கைக்குட்டையை அவிழ்த்து இந்தக் குண்டை என் உள்ளங்கையில் வைத்தாள். "மாமி ஊத்துனது. சட்டிக்குள்ள திருப்பிப் போட மனசு வரல." அடிப்பக்கம் திருப்பிப் பார்த்தேன். ஊசியால் கீறிய ஓர் எழுத்து. என் அம்மாவின் பெயரின் முதல் எழுத்து. எழுத்துக் கோத்தே பிழைத்தவன் நான். எத்தனையோ பேருடைய பெயரைக் கோத்திருக்கிறேன், பெற்றவள் பெயரை ஒருநாளும் அவளுக்குக் கோத்துக் காட்டியதில்லை. வெட்கமாக இருந்தது. "அம்மாட்ட காட்டுனீங்களா மதினி?" என்றேன்.

"காட்டாம இருப்பனா? அன்னைக்கே காட்டுனேன். விரல வச்சித் தடவிப் பாத்தாவ. ‘இம்புட்டுத்தானாளா எம்பேரு’ன்னு கேட்டாவ. மொத எழுத்துதான் மாமி, மிச்சத்துக்குக் குண்டுல எடம் பத்தலன்னேன். ‘அப்பம் பெரிய பேருதான்’னு சொல்லிச் சிரிச்சாவ."

இப்போதும் எழுத உட்காரும்போது பேனாவை எடுக்குமுன் குண்டை எடுத்து அடிப்பக்கத்தை விரலால் தடவிக்கொள்கிறேன். அச்செழுத்து கலந்தாலும் ஈயம் ஈயம்தான், தடவத் தடவத் தேயும் என்று மதினி மதுரையிலிருந்து போனில் திட்டுகிறாள். தேய்ந்தால் என்ன, நானே திரும்பக் கீறிவிடுவேன்.