நனைந்த நாலு நோட்டும் முருகன் காட்டிய வழியும்

நம் வெள்ளிக்கிழமை பஜனைக் கூட்டத்து அம்மாமார்களுக்கும் தங்கைகளுக்கும் வணக்கம். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோணல்மாணலாகத்தான் எழுத வரும். மறதியும் ஜாஸ்தி. எழுந்து நின்று பேசச் சொன்னால் நாக்கு ஒட்டிக்கொள்கிறது. அதனால் நம் கூட்டத்துப் பத்திரிகைக்கு எழுதித் தருகிறேன். குறை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

இது என் மருமகள் கோமதியின் படிப்பைப் பற்றியது. என் வீட்டுக்காரர் கடைசி இரண்டு மாதம் படுக்கையில் கிடந்தார். அவரைப் புரட்டிப் படுக்கவைத்து, துடைத்து, மருந்து கொடுத்து எல்லாம் செய்தவள் அவள்தான். ஒரு படுக்கைப்புண் வரவில்லை. ஊசி போட வந்த நர்ஸ் அவள் கையைப் பிடித்துப் பார்த்து, "இது நர்ஸ் கை" என்று சொல்லிவிட்டுப் போனார். என் வீட்டுக்காரர் காலமான பிறகு ஒருநாள் கோமதி தயங்கித் தயங்கி, "அத்தை, நான் நர்சிங் காலேஜுக்குப் படிக்கட்டுமா?" என்று கேட்டாள். அப்போது அவளுக்கு முப்பத்துமூன்று வயது. பள்ளிக்கூடம் முடித்துப் பதினைந்து வருஷம் ஆகிவிட்டது. என் மகன் சங்கர் சரி என்றான். நுழைவுத் தேர்வு எழுதினாள். கிடைக்கவில்லை. அடுத்த வருஷம் ஒரே ஒரு வாய்ப்புதான் பாக்கி. அதற்குப் பிறகு வயது தாண்டிவிடும்.

அந்த வருஷம் முழுவதும் அவள் உட்கார்ந்து நோட்டு எழுதினாள். நாலு தடி நோட்டு. தலைப்புக்குச் சிவப்பு, பாடத்துக்கு நீலம், முக்கியமானதுக்குப் பச்சை. பார்த்தால் கோலம் மாதிரி இருக்கும். சமையல் வேலை முடிந்ததும் அதையே எடுத்து வைத்துக்கொண்டு திரும்பத் திரும்ப வாசிப்பாள். எனக்கு அது பெருமையாக இருந்தது.

தேர்வுக்கு ஆறு வாரம் இருக்கும்போது இங்கே சரஸ்வதி பூஜை வந்தது. நாம் நவராத்திரியில் புத்தகம் வைப்போம். இங்கே உள்ள வங்காளிகள் தை, மாசியில் வைப்பார்கள். நாங்கள் குடியிருக்கும் டாக்குரியாவில் எங்கள் தெருப் பந்தலில் பிள்ளைகள் ஆளுக்கொரு புத்தகமும் பேனாவும் தேவி காலடியில் வைத்திருந்தார்கள். நவராத்திரிக்கு வீட்டில் வைத்தாயிற்று, இதையும் விடக்கூடாது என்று எனக்கு ஆசை. கோமதி குளிக்கப் போன நேரம் பார்த்து, அவளைக் கேட்காமல், நாலு நோட்டையும் தூக்கிக்கொண்டு போய் வைத்தேன். கீழ்வீட்டு அண்ணி, மிட்டு பௌதி, பார்த்துவிட்டு வங்காளத்தில் கேலி செய்தாள்.

"மாஷிமா, ஒண்ணு வச்சாப் போதும். தேவிக்கு அவ்வளவும் படிக்க நேரம் ஏது?"

எல்லாப் பாடத்துக்கும் அருள் வேண்டாமா என்று நினைத்து, அவள் பேச்சை நான் கேட்கவில்லை. மறுநாள் வரை புத்தகத்தைத் தொடக்கூடாது என்பது இங்குள்ள வழக்கம். கோமதி கேட்டதும் விஷயத்தைச் சொன்னேன். சிரித்தாள். ஒரு நாள்தானே என்றாள்.

மறுநாள் எடுக்கப் போனேன். பூஜைக்கு வைத்த மண்குடம் ராத்திரி முழுவதும் ஒழுகியிருக்கிறது. அதன் அடியிலேயே என் நோட்டுகள். ஜெல் பேனா மசி. சிவப்பும் நீலமும் பச்சையும் ஒன்றாகக் கலந்து, ஒரு எழுத்து இல்லை.

கோமதியிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. மொட்டைமாடிக்குக் கொண்டுபோய், தாளைப் பிரித்துப் பிரித்து, துணிக் கொடியில் கிளிப் மாட்டித் தொங்கவிட்டேன். காய்ந்தால் எழுத்து வந்துவிடும் என்று பைத்தியம் மாதிரி நினைத்தேன். பிறகு வந்து முருகன் படத்துக்கு முன்னால் விழுந்தேன். "அவள் ஒரு வருஷத்தை நான் அழித்துவிட்டேன். அந்த எழுத்தைத் திருப்பிக் கொடு. இல்லாவிட்டால் அவளுக்கு ஒரு வழி காட்டு" என்று அழுதேன். எத்தனை நேரம் அழுதேன் என்று தெரியாது.

துணி எடுக்கப் போன கோமதி பார்த்துவிட்டாள். இறங்கி வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். நான் அவள் காலைப் பிடிக்கப் போனேன். கையைத் தட்டிவிட்டாள்.

"என்ன அத்தை பண்றீங்க? எழுந்திருங்க. எழுதினது நான்தானே, எவ்வளவு ஞாபகம் இருக்குன்னு பாக்குறேன்."

பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதயம் பாடத்தை எழுத ஆரம்பித்தாள். மூன்று வரியில் நின்றுவிட்டாள். வேறு பாடம் எடுத்தாள். அதுவும் நின்றது. அப்போதுதான் அழுதாள்.

"மூணு கலர்ல எழுதினேன் அத்தை. மண்டையில ஒண்ணும் ஏறல. நோட்டுல இருந்ததை எனக்குத் தெரிஞ்சதுன்னு நினைச்சிட்டிருந்தேன்."

நான் கேட்ட எழுத்தை முருகன் திருப்பித் தரவில்லை. அவளுக்குப் போன வருஷம் ஏன் கிடைக்கவில்லை என்பதைக் காட்டிக் கொடுத்தான். இதுதான் எனக்கு வந்த பதில் என்று அன்றைக்கு எனக்கு விளங்கவில்லை.

மறுநாள் காலை புட்டு வேகும்போது கூப்பிட்டாள்.

"அத்தை, இப்படி உக்காருங்க. புக்கை மூடிட்டுச் சொல்றேன். புரியலைன்னா கேளுங்க."

"எனக்கு என்னம்மா தெரியும்?"

"தெரியாததாலதான் உங்களைக் கூப்பிடுறேன். சங்கரைக் கூப்பிட்டா புரிஞ்ச மாதிரி தலையாட்டுவார்."

ஒரு தாளில் படம் வரைந்து காட்டி, உடம்பிலிருந்து திரும்பும் ரத்தம் இதயத்தின் வலது பக்கம் வரும் என்றாள். "யாருக்கு வலதும்மா? நமக்கா, படத்துல இருக்கிற ஆளுக்கா?" என்று கேட்டேன். பாடப்புத்தகத்தைத் திறந்து பார்த்தாள்.

"ஐயோ, ரெண்டு வருஷமா மாத்திப் பேர் போட்டிருக்கேன்!"

அன்றிலிருந்து அதுதான் பழக்கம். முதலில் பாடப்புத்தகத்தில் ஒரு பகுதி வாசிப்பாள். மூடிவைத்து எனக்குச் சொல்வாள். சிக்கிய இடத்தை மட்டும் ஒரு துண்டுத் தாளில் குறித்துக்கொள்வாள். இரண்டு மூன்று நாள் விட்டு அதையே மறுபடி என்னிடம் ஒப்பிப்பாள். மறந்திருந்தால் எனக்கே சந்தோஷம், தேர்வில் மறக்காமல் இங்கே மறந்தாளே என்று. ஞாயிற்றுக்கிழமை கடிகாரம் வைத்துப் பழைய கேள்வித்தாள் எழுதுவாள். அந்த நேரம் போன் என் மடியில் இருக்கும். மனசு சலிக்கும் நாள்களும் வந்தன. "முடியல அத்தை" என்று தாளைக் கசக்கிப் போட்டாள் ஒருநாள். அன்றைக்குப் படிக்காமல் இருவரும் ஏரிக்கரை வரை நடந்துவிட்டு வந்தோம். தினமும் அவள் உட்காரும் முன் நான் முருகன் படத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் நிற்பேன். வேறொன்றும் கேட்கவில்லை, அவள் மனசு நிலையாக இருக்கட்டும் என்று மட்டும்.

முடிவு வந்த அன்று சங்கர் ஆபீசிலிருந்து போன் செய்தான். "அம்மா, கிடைச்சிடுச்சு" என்றான். போனை அவளிடம் கொடுத்துவிட்டு நான் போய் விளக்கேற்றினேன். இப்போது விடுதியில் தங்கிப் படிக்கிறாள். சனிக்கிழமை வருவாள். வந்ததும் கை கழுவும் முன்னால் எனக்கு ஒரு பாடம் சொல்கிறாள்.

முன்பெல்லாம் நான் சாமியிடம் இதைக் கொடு, அதைக் கொடு என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக் கேட்பேன். இப்போது, எது நல்லதோ அந்த வழியைக் காட்டு என்கிறேன். உங்கள் வீட்டிலும் கல்லூரிக்குப் படிக்கிற பிள்ளைகள் இருப்பார்கள். புத்தகத்தை மூடிவிட்டு உங்களிடம் சொல்லச் சொல்லுங்கள். நமக்குத் தெரியாதே என்று ஒதுங்க வேண்டாம். பாரத்தை முருகன் காலடியில் வையுங்கள். நாம் கேட்டது வராமல் போனாலும், நமக்கு வேண்டியது வரும்.

பத்திரிகையில் போடும் முன் யாராவது ஒருமுறை சரிபாருங்கள். மாதம், வயதுக் கணக்கு எல்லாம் எனக்குக் குழம்பும். இதயத்தைப் பற்றி எழுதியதும் சரியா என்று கோமதியிடமே கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் நோட்டைப் பற்றிக் கேட்டால் அவள், "குடம் ஒழுகிடுச்சு, அத்தை மேல தப்பில்ல" என்று சொல்வாள். அதை மட்டும் எழுதிவிடாதீர்கள்.