சுக்குக் களத்து மட்டைகள்

ஆலப்புழை டென்னிஸ் பந்தயத்தில் பரிசு ஒரு குடை. அன்றைய இறுதி ஆட்டத்தில் பாதிக்கு மேல் மழை. கோட்டயத்தில் ஒரு பிரஷர் குக்கர். காலையில் எழும்போதே உடம்பு அனலாகக் கொதித்தது. திருச்சூரில் ஒரு சுவர்க் கடிகாரம். எதிரே நின்ற பெண்ணுக்குச் சொந்தமாக ஒரு பயிற்சியாளர், ஒரு பெரிய ஃப்ளாஸ்க், மாற்றி மாற்றி ஆட நான்கு மட்டைகள். ஸ்வர்ணலதாவுக்கு, விரிசல் விட்ட கழுத்தில் இன்சுலேஷன் டேப் சுற்றிய மட்டை ஒன்றே ஒன்று. எர்ணாகுளத்தில் ஒரு எவர்சில்வர் குடம். அதை வென்ற நாளில் அவள் காலில் கிடந்தது அண்ணாவின் கான்வாஸ் ஷூ, நுனியில் பஞ்சு அடைத்தது. அண்ணா வெங்கிட்டுவிடம் கேட்டால் இந்த வரிசை மாறாமல் சொல்வான். ஸ்வர்ணலதாவிடம் கேட்டால், எந்த ஊரில் எந்த மட்டை எப்படி நடந்துகொண்டது என்று மட்டுமே சொல்வாள்.

இப்போதும் வாசல் வெளிச்சத்தில் நின்றுகொண்டு ஒரு மட்டையை ஆள்காட்டி விரல்மேல் குறுக்காக வைத்திருக்கிறாள். தலைப் பக்கம் மெல்லத் தாழ்கிறது. விரலை நகர்த்துகிறாள். மட்டை தராசு முள்ளைப் போல ஆடி நிற்கிறது. பிறகு உள்ளங்கையின் அடிப்பாகத்தால் நரம்புகளைத் தட்டிக் காதோடு வைத்துக் கேட்கிறாள். கடைசியில் மூக்கருகே கொண்டுபோய் மணக்கிறாள்.

“மணத்திலே என்ன தெரியும்?” என்று கேட்டால், “ஒண்ணும் தெரியாது. ஆனாலும் மணக்காம எடுக்கப்பிடாது” என்பாள்.

வயது இருபத்தாறு. வெல்லிங்டன் தீவில் ஒரு கப்பல் கம்பெனி அலுவலகத்தில் டெலிபோன் ஆபரேட்டர். மட்டாஞ்சேரி ஜெட்டியிலிருந்து காலைப் படகில் போவாள். தோளில் சாப்பாட்டுப் பை, கக்கத்தில் மட்டை. படகு நடுக்காயலுக்கு வந்ததும் கை சும்மா இருக்காது. வெறுங்காற்றில் ஒரு பேக்ஹேண்ட். பக்கத்தில் நிற்பவர்கள் இரண்டு அடி தள்ளி நிற்பார்கள். டிக்கெட் கொடுப்பவர் ஒரு நாள், “சேச்சி, அந்தக் கையிலிருக்கிறதுக்கும் அரை டிக்கெட் எடுக்கணும்” என்றார். அவள் நெற்றி சுருக்கி, “கொழந்தைக்கு அஞ்சு வயசு ஆகல்லையே” என்று மலையாளத்தில் சொல்லிவிட்டு அடுத்த அடியை அடித்தாள்.

மட்டைகளைப் பற்றி அவள் பேசுவதைக் கேட்டால் பாதி நேரம் சமையலைப் பற்றிப் பேசுகிறாள் என்று தோன்றும். ஜலந்தரிலிருந்து வரும் மர மட்டை அவளுக்குப் “புழுங்கின கப்பைக் கிழங்கு, பதமா இருக்கும், ஆனா மெதுவாத்தான் எறங்கும்.” எஃகு மட்டை, “அடிச்சா அடி அங்கே போகாது, நம்ம முழங்கையிலே வந்து உக்காந்துக்கும்.” அலுமினியம், “தகர டப்பாவிலே பட்டாணி.” கிளப்பில் ஆடும் ஒரு தேயிலை ஏற்றுமதிக்காரரின் மனைவி வெளிநாட்டிலிருந்து வாங்கி வந்த கிராஃபைட் மட்டையை ஒரு நாள் சாயங்காலம் ஆடிப்பார்க்கக் கொடுத்தார். அதை ஆடிவிட்டு வந்தவள் இரவுச் சாப்பாடு முடிந்ததும் கை அலம்பிவிட்டு வந்து, “அரைச்ச உளுந்து மாவுக்குள்ளே கையை விட்டாப்போல இருக்கு அண்ணா. பந்து வந்ததும் தெரியல்லை, போனதும் தெரியல்லை. எனக்குத் தெரியணும்” என்றாள்.

அவள் ஆடிப் பழகிய இடம் கிளப் அல்ல. கொச்சங்காடியில் ஒரு சேட்டின் சுக்குக் கிடங்கில் வெங்கிட்டு எடை போடுகிறவன்; எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தி அங்கே சேர்ந்தவன். கிடங்குக்குப் பின்னால் இஞ்சி உலர்த்தும் பெரிய சிமென்ட் களம். பகலில் சுண்ணாம்பு நீரில் முக்கிய இஞ்சி அங்கே வெள்ளை வெள்ளையாகக் கிடக்கும். நான்கு மணிக்கு மேல் அதைக் கூட்டிக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடிவிட்டால் களம் காலி. கோடுகளை வெங்கிட்டுவே நூல் பிடித்துச் சுண்ணாம்பால் போட்டான். ஒரு விரற்கடை கோணினாலும் அழித்து மறுபடி போடுவான். வலை, கும்பளங்கியில் கெட்டு கட்டி இறால் வளர்க்கும் ஒருவர் கழித்துப் போட்டது. அந்தக் களத்தில் பந்து துள்ளும்போதெல்லாம் ஒரு சிட்டிகை வெள்ளைத் தூள் கிளம்பும். ஆட்டம் முடிந்து வீட்டுக்குப் போனால் அண்ணா, தங்கை இருவர் மேலும் சுக்குக் கஷாய வாசனை அடிக்கும்.

எதிர்ப்பக்கம் ஆட முகமது இஸ்மாயில் வருவார். சுக்கு, மிளகுத் தரகர். இரண்டு தலைமுறைக்கு முன் தென்காசிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். கைலியை மடித்துக் கட்டிக்கொண்டு ஆடுவார். சர்வீஸ் போடும் முன், ஏலத்தில் விலை சொல்வதுபோல ஒரு தடவை கனைப்பார். அவருக்கு மட்டை எதுவானாலும் ஒன்றுதான். “பந்து போவுதா, போவுது. அதுக்கு மேல அதுகிட்ட என்ன விசாரணை?” என்பார். ஸ்வர்ணத்துக்கோ விசாரணைதான் வேலை. யாராவது புதிதாக மட்டை வாங்கினால் அது நேராக இந்தக் களத்துக்கு வரும். வெங்கிட்டு பழைய வேஷ்டியைக் கிழித்த ஒரே அகலத் துண்டுகளால் எல்லா மட்டைகளுக்கும் பிடியையும் கழுத்தையும் மூடிச் சுற்றிவிடுவான். எது விலை உயர்ந்தது, எது யாருடையது என்று தங்கைக்குத் தெரியக்கூடாது. பார்த்து எடுத்தால் கண் சொல்லிக்கொடுக்குமாம். அவன் கையில் எடுத்துக் கொடுக்கக் கொடுக்க, அவள் முகத்தை வேறு பக்கம் திருப்பி வாங்கி ஆடுவாள்.

கோயம்புத்தூரில் மட்டை செய்யும் ஒரு சிறிய கம்பெனியிலிருந்து நீலகண்டன் என்பவர் வந்தது இப்படி ஒரு சுக்குக் காலத்தில்தான். எர்ணாகுளம் இறுதி ஆட்டத்தைப் பார்த்திருக்கிறார். பெண்களுக்கென்று எடை குறைந்த மர மட்டை ஒன்று செய்கிறார்களாம். “அதோட கழுத்துல உங்க கையெழுத்தை அச்சாப் போட்டு விக்கலாமுங்க. ஆடிப் பாத்துட்டு, பிடிச்சிருந்தா மாதிரி மட்டையில ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க. அதையே அச்சுக்கு எடுத்துக்கறோம்” என்றார்.

அன்றிலிருந்து வெங்கிட்டுவுக்கு எடைக்கல் கையில் நிற்கவில்லை. எர்ணாகுளம் பிராட்வேயில் விளையாட்டுச் சாமான் கடை ஒன்றின் கண்ணாடிக்கு முன் அவன் எத்தனையோ சாயங்காலம் நின்றிருக்கிறான். உள்ளே தொங்கும் மட்டைகளின் கழுத்தில் யார் யாரோ வெளிநாட்டுக்காரர்களின் கையெழுத்து சுழித்துக்கொண்டு ஓடும். அந்த இடத்தில் தங்கையின் பெயர். அதை அவன் யாரிடமும் சொல்லவில்லை. ஆனால் இஸ்மாயில் பாய், “என்ன வெங்கிட்டு, சேட்டு சம்பளம் கூட்டிட்டாரா, பல்லு இத்தனை தெரியுது?” என்று கேட்டுவிட்டார்.

மாதிரி மட்டை வெள்ளிக்கிழமை மாலை பார்சலில் வந்தது. பிரித்துக்கொண்டிருந்தபோது அம்மா கமலாக்ஷி எட்டிப் பார்த்தாள்.

“இது என்னடா, நைலான் மாதிரி இல்லையே.”

“இது ஒசந்ததாக்கும் அம்மா. ஆட்டுக் குடல்லே செய்யற நரம்பு.”

அம்மா தலையை ஆட்டிக்கொண்டே உள்ளே போனாள். அதை அவன் நல்ல சகுனமாக எடுத்துக்கொண்டான்.

மறுநாள் களத்தில் வழக்கம்போல மட்டைகளுக்குத் துணி சுற்றப்பட்டது. மூன்றாவதாகக் கைக்கு வந்ததை ஸ்வர்ணம் நாலு அடிக்கு மேல் ஆடவில்லை. “இது யாரோடது? ஊறின அவலாட்டம் தொப்புனு கெடக்கு. பந்தை வாங்கறது, திருப்பிக் கொடுக்க மனசில்லை.” அதுவரை அவள் குடல் நரம்பு கட்டிய மட்டையைக் கையால் தொட்டதில்லை, அது எப்படிப் பேசும் என்று தெரியாது. வெங்கிட்டு துணியைப் பிரிக்காமலே அது எதுவென்று அறிவான். அவன் முகத்தைப் பார்த்ததும் அவளும் அறிந்துகொண்டாள்.

“வேணும்னா இன்னொரு தரம்...” என்றான்.

“எத்தனை தரம் ஆடினாலும் அவல் அவல்தான் அண்ணா.”

திங்கட்கிழமை கோயம்புத்தூருக்கு டிரங்க் கால் போட்டு, பிடிக்கவில்லை என்று சொல்லிவிட்டாள். நீலகண்டன் கோபப்படவில்லை. “பரவால்லீங்க. பெங்களூர்ல ஒரு பொண்ணு இருக்குது, அங்க கேட்டுக்கறோம்” என்றார்.

அன்று ராத்திரி, திருப்பி அனுப்புவதற்காக வெங்கிட்டு அந்த மட்டையின் துணியை அவிழ்த்து ஒழுங்காக மடித்து வைத்தான். நரம்புகளைத் துடைக்கும்போது விரலில் ஏதோ தட்டுப்பட்டது. விளக்கடியில் பிடித்துப் பார்த்தான். நரம்பெங்கும் பிசிர். புத்தம் புது மட்டை, பழைய துடைப்பம்போல நார் நாராக உரிந்திருந்தது. குடல் நரம்பு தண்ணீர் பட்டால்தான் இப்படி ஆகும். அடுக்களை வாசலில் போய் நின்றான்.

“அம்மா, இந்தப் பேட்டு மேலே தண்ணி ஏதானும் தெளிச்சேளா?”

“தெளிக்கறதாவது. ஆட்டுக் குடல்னு நீதானே சொன்னாய்? தெளிச்சாப் போருமா? கிணத்தடியிலே வச்சு ரெண்டு வாளி விட்டு நன்னா அலம்பினேன். நைலான் பேட்டு எத்தனை வந்தது, நான் தொட்டேனா? கூடத்துக்குள்ளே வரணும்னா சுத்தம் பண்ணாம எப்படி?”

ஸ்வர்ணம் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். அவள் சிரித்து ஓயட்டும் என்று காத்திருந்த அம்மா, “சோப்புப் போடலை” என்று சேர்த்துக்கொண்டாள். அதில் சிரிப்பு மறுபடியும் ஆரம்பித்தது.

ஆனால் காலையில் ஸ்வர்ணம் படகுக்கு ஒரு மணி நேரம் முன்பே கிளம்பி, மறுபடி டிரங்க் கால் போடத் தபாலாபீஸ் வாசலில் போய் நின்றாள். “தப்பு எங்காத்துது ஸார், பேட்டுது இல்லை” என்று நீலகண்டனிடம் நடந்ததை அப்படியே சொன்னாள். அவர் முதலில், “ரெண்டு வாளியா?” என்று கேட்டாராம். ஞாயிற்றுக்கிழமை நேரில் வருவதாகவும், அங்கிருந்து அன்று இரவே மட்டையோடு பெங்களூர் போக டிக்கெட் எடுத்துவிட்டதாகவும் சொன்னார். இருப்பது அந்த ஒரு சாயங்காலம்தான்.

வெங்கிட்டு சனிக்கிழமை வரை ஐந்து நாள் மாலையும் பிசிரான நரம்பை அறுத்தெறிந்து, குத்தூசியும் மரமுளையும் வைத்து நைலான் கட்டினான். ஒவ்வொரு இழையையும் இழுத்து, தட்டி, பக்கத்து இழையோடு ஒத்துப் பார்த்து, இல்லையென்றால் அவிழ்த்து மறுபடி இழுத்தான்.

ஞாயிற்றுக்கிழமை சுக்குக் குவியலின் பக்கத்தில் ஒரு சாக்கு மூட்டைமேல் நீலகண்டன் உட்கார்ந்திருந்தார். துணி சுற்றிய ஐந்து மட்டைகள். ஸ்வர்ணம் முகம் திருப்பி ஒவ்வொன்றாக வாங்கினாள். நாலாவதில் வேகம் எடுத்தாள். ஓர மூலைக்கு ஒன்று, எதிர் மூலைக்கு ஒன்று. இஸ்மாயில் பாய் கைலியைப் பிடித்துக்கொண்டு இரண்டு பக்கமும் ஓடினார்.

“இது யாரோடது அண்ணா? சொன்ன பேச்சு கேக்கறது.”

வெங்கிட்டு துணியை அவிழ்த்தான். கோயம்புத்தூர் மட்டை. நீலகண்டன் எழுந்து சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்து மூடியைத் திறந்து நீட்டினார். அவள் வாங்கவில்லை.

“பிடி தடிமனா இருக்கு. என் கைக்கே தடிமன்னா என்னைவிடச் சின்னக் கைக்காரிக்கு? மணிக்கட்டு போயிடும்.”

“அது சின்ன விசயமுங்க. கையெழுத்துப் போட்டுடுங்க, பாக்டரியில சொல்லிக் கொறைச்சுக்கலாம்.”

“போட்டப்பறம் யாரு கேப்பா? சரி பண்ணிக் கொண்டுவாங்கோ, போடறேன்.”

“பெங்களூர் டிக்கெட் இருக்குதுங்களே.”

“ஸ்வர்ணம், அவர்தான் சொல்றாரே...” என்று வெங்கிட்டு தொடங்கினான். அவள் அவனைப் பார்த்தாள். அவன் வாக்கியத்தை முடிக்காமல் கிடங்குக்குள் போனான். ஜன்னலில் உடைந்து கிடந்த கண்ணாடியில் ஒரு துண்டோடு திரும்பி வந்து தரையில் சம்மணமிட்டு உட்கார்ந்தான். பிடியின் தோலைச் சுருள் கலையாமல் கழற்றி வைத்தான். கண்ணாடியின் விளிம்பால் மரத்தைச் சுரண்டினான். எட்டுப் பட்டைக்கும் ஒரே அளவு. ஒரு சுற்று முடிந்ததும் கட்டை விரலால் தடவிப் பார்த்தான். மரத்தூள் மாவாக உதிர்ந்தது. “சாம்பிளைச் சுரண்டறீங்களே” என்று நீலகண்டன் கையை நீட்டி, பிறகு மடக்கிக்கொண்டார்.

வேஷ்டித் துண்டைச் சுற்றிக் கொடுத்தான். ஆடினாள். திரும்பக் கொடுத்தாள். சுரண்டினான். மறுபடி ஆடினாள். மறுபடி கொடுத்தாள்.

“தங்கச்சி,” என்றார் இஸ்மாயில், இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கியபடி, “அதுல இன்னும் எவ்வளவு மரம் பாக்கி இருக்கு? அதுக்குத் தக்கபடி நான் கொஞ்சம் உக்காந்துக்கறேன்.”

“இன்னும் ஒண்ணே ஒண்ணு பாய்.”

அவர் கனைத்தார். பந்து போட்டார். அது வலையைத் தாண்டி வர, ஸ்வர்ணம் தாழ்ந்து ஒரு பேக்ஹேண்ட் அடித்தாள். பந்து எங்கே விழுந்தது என்று மற்ற மூவரும் பார்த்தார்கள். கோட்டின் சுண்ணாம்பு சிதறியது. அவள் அதைப் பார்க்கவில்லை. தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நேராக வந்து நீலகண்டனின் பேனாவை வாங்கினாள். மூட்டைமேல் உட்கார்ந்து மட்டையை மடியில் கிடத்தி, கழுத்தில் படிந்திருந்த வெள்ளைத் தூளை ஊதினாள். அலுவலகத்தில் எல்லாவற்றுக்கும் இரண்டே எழுத்தில் இனிஷியல் போடுகிறவள், இங்கே பெயரை முழுதாக, அவசரமில்லாமல் எழுதினாள். பிறகு தலை நிமிராமல், “அண்ணா, இன்னிக்கு என்ன தேதி?” என்று கேட்டாள்.

வெங்கிட்டு கையிலிருந்த கண்ணாடித் துண்டைக் கீழே வைத்தான். அவன் சொல்லச் சொல்ல அவள் பெயருக்குக் கீழே எழுதினாள்: 1984 பிப்ரவரி 5.